ஷூவுக்குள் ஒரு கல்

மதிப்பிற்குரிய மேடம்,

எனக்கு வயது 20. மிஷனுக்கு, அதாவது வெளியூரில் மதம் போதிக்கும் சபை ஊழியத்துக்குப் போய், 11 மாதத்தில் வீடு திரும்பிவிட்டவன் நான். முடித்திருக்க வேண்டியது 24 மாதம்.

எங்களை வெளியில் மார்மன்கள் என்பார்கள். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பதுதான் முறையான பெயர். 2018-லிருந்து அந்த முழுப் பெயரையே சொல்லச் சொல்கிறார்கள். எங்கள் சபையில் பையன்கள் 18 வயதானதும் இரண்டு வருடம் மிஷன் போவதை எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். எங்கே போவது என்பதை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. அழைப்பு எந்த ஊருக்கு வருகிறதோ அங்கே போக வேண்டும். எனக்கு மொழி தெரியாத ஊர் வந்தது. சந்தோஷமாகத்தான் கிளம்பினேன்.

காலை 6.30-க்கு எழ வேண்டும். உடற்பயிற்சி, குளியல், சாப்பாடு. 8 மணிக்கு வேதப் படிப்பு, அப்புறம் கம்பேனியனோடு, அதாவது கூடவே தங்கி ஊழியம் செய்யும் ஜோடியோடு சேர்ந்து படிப்பு, மொழிப் படிப்பு. வெள்ளைச் சட்டை, டை, கறுப்புப் பெயர்ப்பட்டையோடு வெளியே கிளம்பினால் திரும்ப இரவு 9 ஆகிவிடும். 10.30-க்கு விளக்கை அணைக்க வேண்டும். வாரத்தில் ஒரு நாள் ‘பி-டே’. துணி துவைக்க, சாமான் வாங்க, வீட்டோடு வீடியோவில் பேச அன்றுதான் நேரம்.

கம்பேனியனை மிஷன் தலைவர் நியமிப்பார். குளியலறை போன்ற இடங்களைத் தவிர எப்போதும் ஒருவர் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தூரத்தில் மற்றவர் இருக்க வேண்டும். ஆறு வாரத்துக்கு ஒருமுறை டிரான்ஸ்ஃபர் வரும். ஆள் மாறலாம், ஊரும் மாறலாம். 19 வயதுப் பையனை ‘எல்டர்’, அதாவது மூப்பர் என்று கூப்பிடுவார்கள். என் தங்கை இன்னும் அதைச் சொல்லித்தான் கிண்டல் செய்கிறாள்.

இதெல்லாம் கஷ்டமாக இருந்தது என்று புகார் சொல்ல எழுதவில்லை. உண்மையில் எனக்குப் பிடித்திருந்தது. ஒரு பாட்டிக்குத் தோட்டம் கொத்திக் கொடுத்தோம். இன்னொரு குடும்பம் வீடு மாறியபோது அலமாரியை மூன்று மாடி இறக்கினோம். என் கட்டைவிரல் நகம் கறுத்தே போனது. அன்று ராத்திரி அடித்துப்போட்டதுபோல் தூங்கினேன்.

மூன்றாவது மாதம் ஒரு நாள், அலாரம் அடித்தும் 6.34-க்குத்தான் எழுந்தேன். அன்று முழுக்க ஒருவர்கூட எங்களோடு நின்று பேசவில்லை. அந்த நான்கு நிமிடம்தான் காரணம் என்று தோன்றியது. கீழ்ப்படிந்தால் ஆசீர்வாதம் என்றால், கீழ்ப்படியாவிட்டால்? மிஷன் தலைவருக்கு வாரா வாரம் எழுதும் கடிதத்தில் அதை ஒப்புக்கொண்டேன். பரவாயில்லை என்று அன்பாகப் பதில் வந்தது. இரண்டு நாள் நிம்மதி. அப்புறம், அந்தக் கடிதத்தில் முழு உண்மையையும் சொன்னேனா, அலாரம் கேட்டும் வேண்டுமென்றே படுத்திருந்தேனே அதை எழுதினேனா என்று ஆரம்பித்தது. மறுபடி எழுதினேன். பிறகு போன் செய்தேன். அவர் எங்கள் வேதமான மார்மன் புத்தகத்தில் மோசியா 4-ஆம் அதிகாரத்தைப் படிக்கச் சொன்னார். பலத்துக்கு மீறி ஓட வேண்டியதில்லை என்று வரும் இடம். அதை நாற்பது முறை படித்தேன். சரியான மனதோடு படித்தேனா என்று சந்தேகம் வந்ததால் மறுபடி முதலிலிருந்து.

ஜெபமும் அப்படித்தான். நடுவில் கவனம் சிதறினால் மீண்டும் தொடங்குவேன். ஒரு இரவு முழங்காலில் இருந்தபடியே மணி இரண்டாகிவிட்டது. 10.30-க்கு விளக்கணைக்கும் விதியை மீறியதற்கு அடுத்த மன்னிப்பு!

கடைசியாக பஸ் ஸ்டாப் விஷயம். அங்கே ஒருவர் உட்கார்ந்திருந்தார், கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அவரிடம் பேச வேண்டும் என்று மனதில் தோன்றியது. பேசவில்லை, களைப்பாக இருந்தேன். பஸ் வந்தது, அவர் போய்விட்டார். என்னால் ஓர் ஆத்மா போய்விட்டது என்று அன்றிரவு தூங்கவில்லை. மறுநாள் கம்பேனியனை இழுத்துக்கொண்டு அதே பஸ் ஸ்டாப்புக்குப் போனேன். அவர் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் போனோம். மூன்றாம் நாள் என் கம்பேனியன் பெஞ்சில் உட்கார்ந்து, “சரி எல்டர், நாளைக்கும் வரலாம்” என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் தாங்கவில்லை. அங்கேயே அழுதுவிட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு கவுன்சலரோடு போனில் பேச வைத்தார்கள். வீட்டுக்குப் போய் சிகிச்சை எடு என்றார்கள். திரும்பிய இரவே எங்கள் ஸ்டேக், அதாவது வட்டாரச் சபைகளின் தலைவர் என்னைப் பொறுப்பிலிருந்து விடுவித்தார். ஐந்து நிமிடப் பேச்சு. என் சட்டையிலிருந்த பெயர்ப்பட்டையை அம்மா கழற்றினார்.

இப்போது நான்கு மாதம் ஆகிறது. டாக்டரிடம் இன்னும் போகவில்லை. ஆலயத்தில் பார்ப்பவர்கள் எல்லாம் “எப்போ திரும்பிப் போறே?” என்கிறார்கள். அப்பா யாரிடமும் என்னைப் பற்றிப் பேசுவதில்லை. காலையில் 6.30-க்கு எழுந்து செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறேன். திரும்பிப் போகட்டுமா? அந்த பஸ் ஸ்டாப் மனிதருக்கு நான் பொறுப்பா, இல்லையா? அதை மட்டுமாவது சொல்லுங்கள்.

— பெயர் வேண்டாம்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். நான் உங்கள் சபையைச் சேர்ந்தவள் இல்லை. ஆனால் உங்கள் சபை போதிப்பது எனக்கு ஓரளவு தெரியும். வாழும்போது நற்செய்தியைக் கேட்க வாய்ப்பில்லாதவர்களுக்கு மரணத்துக்குப் பிறகும் வாய்ப்பு உண்டு என்பது உங்கள் நம்பிக்கை. இறந்தவர்களுக்காக உங்கள் கோவில்களில் ஞானஸ்நானம் எடுப்பதே அதனால்தான். அப்படியிருக்க, ஒரு மாலை நீங்கள் களைத்துப்போய் வாயைத் திறக்காததால் ஒரு மனிதர் என்றென்றைக்குமாகத் தொலைந்துவிட்டார் என்பதை உங்கள் போதனையே ஏற்காது.

இதை ஒரே ஒரு முறைதான் சொல்வேன். மறுபடி கேட்டு எழுதினால் பதில் தர மாட்டேன். கண்டிப்புக்காக அல்ல, இதுவே வைத்தியத்தின் ஒரு பகுதி. இந்தப் பத்தியைப் படித்ததும் மனசு லேசாகியிருக்கும். நாளை மறுநாள், ‘மேடத்திடம் முழு விவரமும் சொன்னேனா? களைப்பு என்றது சாக்குத்தானே?’ என்று தொடங்கும். மிஷன் தலைவரின் பதிலுக்கு நடந்தது என் பதிலுக்கும் நடக்கும். மோசியாவுக்கும் அதுதானே நடந்தது?

தம்பி, நீங்கள் விவரிப்பதைப் பார்த்தால் இது மனசாட்சியின் வேலையாகத் தெரியவில்லை. எண்ணச் சுழற்சி நோய், அதாவது ஓ.சி.டி. போலத் தெரிகிறது. கடிதத்தை வைத்து நோயை உறுதி செய்யக் கூடாது, நேரில் பார்க்கும் மனநல மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஓ.சி.டி. என்றால் கை கழுவிக்கொண்டே இருப்பது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். சிலருக்கு அழுக்கின் இடத்தில் பாவம் வந்து உட்கார்ந்துகொள்ளும். அவர்கள் சோப்புக்குப் பதிலாகப் பாவ அறிக்கையை எடுப்பார்கள்.

இதற்கு ஆங்கிலத்தில் ‘ஸ்க்ரூபுலாசிட்டி’ என்று பெயர். கூரான சிறு கல்லைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஷூவுக்குள் விழுந்த கல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளெல்லாம் தெருத்தெருவாக நடந்தவருக்கு நான் இதற்கு மேல் விளக்க வேண்டாம். கல் உறுத்துவது நீங்கள் கெட்டவழியில் நடப்பதால் இல்லை. நல்ல வழியில் நடந்தாலும் உறுத்தும்.

இது புதிய நோயும் இல்லை. 1505-ல் எர்ஃபர்ட் நகரத்து மடத்தில் துறவியாகச் சேர்ந்த, பின்னாளில் புராட்டஸ்டண்ட் இயக்கத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர் மணிக்கணக்கில் பாவ அறிக்கை செய்வாராம். முடித்து எழுந்துபோய், விட்டுப்போனது ஒன்று ஞாபகம் வந்து திரும்பி வருவாராம். கேட்டுக் கேட்டு அவருடைய குருவே அலுத்துப்போனார். கத்தோலிக்கத் துறவிகளின் இயேசு சபையை (ஜேசூட்) நிறுவிய இக்னேஷியஸ் லொயோலாவும் 1522-ல் இதே சுழலில் சிக்கி, உயிரை விட்டுவிடலாமா என்னும் அளவுக்குப் போனார். (உங்களுக்கும் அப்படி ஓர் எண்ணம் வந்திருந்தால், வந்தால், அன்றைக்கே வீட்டில் சொல்லி மருத்துவமனைக்குப் போங்கள். அதற்கு அப்பாயின்ட்மென்ட் எல்லாம் பார்க்க வேண்டாம்.)

மனசாட்சியா நோயா என்று எப்படிப் பிரிப்பது? நான் பார்த்த வரையில் ஒரு வித்தியாசம் உண்டு. மனசாட்சிக்கு ஒரு முறை பதில் சொன்னால் போதும், அடங்கிவிடும். தப்பு செய்தோம், ஒப்புக்கொண்டோம், சரிசெய்தோம், முடிந்தது. நோய் ஒவ்வொரு பதிலுக்குள்ளும் அடுத்த கேள்வியைத் தேடும். விதியை மீறிய பயத்தில் ஜெபித்து, அந்த ஜெபமே 10.30 விதியை மீற வைத்தது பாருங்கள். எவ்வளவு கீழ்ப்படிந்தாலும் அதற்குப் பசி தீராது.

மிஷன் இந்த நோயை உண்டாக்கியதா என்றால், நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஓ.சி.டி. பெரும்பாலும் சிறுவயதிலோ பதின்வயதிலோ இருபதுகளின் தொடக்கத்திலோ தலைகாட்டும். உங்கள் சபை 2012-ல் பையன்கள் மிஷன் போகும் வயதை 19-லிருந்து 18 ஆக்கியது. அது கிட்டத்தட்ட அதே பருவம்தான். அதோடு அங்கே நிமிடத்துக்கு ஒரு விதி, தூக்கத்துக்கு அளவு, தனிமையே இல்லாத நாள், வெளியே தெரியாத மொழி. எளிதில் தீப்பிடிக்கும் மனசுக்கு அது காய்ந்த வைக்கோல். உங்களோடு இருந்த மற்ற எல்டர்கள் அதே விதிகளை 6.34-க்கு எழுந்து, கொட்டாவி விட்டு, மறந்திருப்பார்கள்.

இப்போது செய்ய வேண்டியது. ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள், இந்த வாரமே. நான்கு மாதம் தள்ளிப்போட்டதற்கும் ஒரு பாவ அறிக்கை தயாராகியிருக்கும், அது வேண்டாம். உங்கள் கடிதத்தை அப்படியே பிரதி எடுத்து அவரிடம் கொடுங்கள், வாயால் சொல்வதைவிட நன்றாக எழுதியிருக்கிறீர்கள். மாத்திரை தரலாம். பிடிக்க வாரக்கணக்கில் ஆகும், எட்டுப் பன்னிரண்டு வாரம்கூட ஆகலாம். பத்து நாளில் பலனில்லை என்று நிறுத்திவிடாதீர்கள்.

அதோடு, பயத்தை எதிர்கொண்டு, வழக்கமாகச் செய்யும் சடங்கைச் செய்யாமலிருக்கப் பழக்கும் ஒரு பயிற்சி உண்டு. அதில் தேர்ந்த உளவியலாளரைக் கேட்டு வாங்குங்கள். பாவம் செய்யச் சொல்வார்களோ என்று பயப்படுவீர்கள். உங்கள் சபையில் காபி கிடையாது, உங்களைக் காபி குடிக்க வைப்பது சிகிச்சை ஆகாது. கவனம் சிதறிய ஜெபத்தை அப்படியே ‘ஆமென்’ என்று முடித்து எழுந்துவிடுவது, அதுதான் பயிற்சி. அலாரத்தை 6.34-க்கு வைப்பது. மன்னிப்புக் கடிதத்தை எழுதி அனுப்பாமல் விடுவது. முதல் முறை நெஞ்சு படபடக்கும். பல முறை செய்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அலுப்புத் தட்டும். அந்த அலுப்புக்காகத்தான் இவ்வளவும்.

வீட்டிலும் இதைப் பேசுங்கள். உங்கள் அம்மா ஒரு நாளைக்குப் பத்து முறை “நீ ஒண்ணும் தப்பு பண்ணலடா” என்று சொல்கிறார் என்றே ஊகிக்கிறேன். அதை நிறுத்தச் சொல்ல வேண்டும். அது அன்புதான், ஆனால் நோய்க்குத் தீனி. உங்கள் ஊர்ச் சபையை நடத்தும் பிஷப்பிடமும் ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள்: எந்த விஷயமானாலும் ஒரே முறை கேட்பார், இரண்டாவது முறை “இது நோயின் குரல்” என்று மட்டும் சொல்வார். அப்பா பேசாமலிருப்பதற்கு அவமானம்தான் காரணம் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். கேட்டுப் பாருங்கள். பல அப்பாக்கள் சொல் தெரியாமல் சும்மா இருப்பார்கள்.

திரும்பிப் போவதா என்பதற்கு இப்போது பதில் தேட வேண்டாம். இப்போது கிளம்பினால் அது ஆசையா, குற்றவுணர்ச்சிக்குக் கட்டும் அபராதமா என்று உங்களுக்கே தெரியாது. முதலில் சிகிச்சை ஓரளவு பலன் தரட்டும். உங்கள் சபையிலேயே, வீட்டிலிருந்தபடி உடல்நிலைக்கு ஏற்ற நேரத்தில் சேவை செய்யும் சேவை மிஷன் என்று ஒன்று இருக்கிறது. அலமாரி தூக்கிய நாளைப் பற்றி எழுதும்போது மட்டும் உங்கள் வாக்கியங்கள் மூச்சு விடுகின்றன. அதனால் அதை விசாரித்து வையுங்கள். ஆலயத்தில் கேட்பவர்களுக்கு, “உடம்பு சரியில்லை, டாக்டர் பார்க்கிறார்” போதும். பொய் இல்லை. அதற்கு மேல் யாருக்கும் விளக்கக் கடமைப்படவில்லை.

இன்னொன்று. பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்தக் கம்பேனியனுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அதில் மன்னிப்பு என்ற சொல் வரவே கூடாது. அந்த மூன்றாம் நாள் அவர் என்ன நினைத்துக்கொண்டிருந்தார் என்று மட்டும் கேளுங்கள்.