ஸ்லே தி ஸ்பயர்: கார்டு சரியில்லையா, கணக்கு சரியில்லையா?

கேள்வி: கோத்தகிரியில் இருக்கிறேன். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் சாயங்காலத்துக்கு மேல் வெளியே தலைகாட்ட முடியாது. நெட் இல்லாவிட்டாலும் ஓடும் என்பதால் போனில் ‘ஸ்லே தி ஸ்பயர்’ ஆடுகிறேன். கார்டுகளைச் சேர்த்து டெக் (கார்டுக் கட்டு) அமைத்து, எதிரிகளோடு சண்டை போட்டபடி மாடி மாடியாகக் கோபுரம் ஏறும் கேம் அது. அயர்ன்கிளாட் என்ற கதாபாத்திரத்தை வைத்து அசென்ஷன் 10 (கடினத்தின் பத்தாவது படி) வரை வந்து, அங்கேயே நிற்கிறேன். கடைசி 12 ஆட்டத்தில் ஒன்றில்தான் ஜெயித்தேன். பாதிக்கு மேல் முதல் ஆக்டிலேயே (கோபுரத்தின் முதல் பகுதி), கிரெம்லின் நாப் என்ற எதிரியிடமோ, பகுதியின் முடிவில் நிற்கும் ஸ்லைம் பாஸிடமோ செத்தவை. குன்னூரில் இருக்கும் மாமா பையன், “இது லாட்டரி மாப்ள, கார்டு வந்தா ஜெயிப்ப, வரலேன்னா இல்ல” என்கிறான். அப்பா இதைச் சூதாட்டம் என்றே முடிவு கட்டிவிட்டார். இதில் திறமைக்கு எவ்வளவு இடம் இருக்கிறது? நான் எதைத் திருத்திக்கொள்ள வேண்டும்?

பதில்: அப்பாவின் சந்தேகத்தை முதலில் முடித்துவிடுவோம். இந்த கேமை ஒருமுறை விலை கொடுத்து வாங்குவதோடு சரி. உள்ளே கிடைக்கும் தங்கத்தைப் பணம் கொடுத்து வாங்கவும் முடியாது, பணமாக மாற்றவும் முடியாது. பந்தயம் கட்ட ஒன்றுமே இல்லாத இடத்தில் சூது எங்கிருந்து வரும்? அதிர்ஷ்டம் கலந்திருந்தாலே சூது என்றும் ஆகிவிடாது. கிண்டியிலும் ஊட்டியிலும் குதிரைப் பந்தயம் நடத்திவந்த கிளப் தொடர்பான வழக்கில், குதிரைப் பந்தயம் முதன்மையாகத் திறமை சார்ந்தது என்று 1996-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. எது மேலோங்கி நிற்கிறது என்பதே அங்கே பார்க்கப்பட்டது. (ரேஸை உதாரணம் காட்டினால் அப்பா இன்னும் கோபப்படலாம், அது உங்கள் பாடு.)

அடுத்து, 12-க்கு 1. இந்த எண்ணை வைத்துக்கொண்டு மனதை உடைத்துக்கொள்ள வேண்டாம், ஆறுதலும் தேடவேண்டாம். உங்கள் உண்மையான வெற்றி விகிதம் 20 சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் 12 ஆட்டத்தில் ஒன்றோ பூஜ்யமோ வெல்வதற்கு 27 சதவீத வாய்ப்பு உண்டு. விகிதம் 10 சதவீதம் என்றால் அதே முடிவுக்கு 66 சதவீத வாய்ப்பு. 40 சதவீதமாக இருந்தால் மட்டும் வெறும் 2. ஆக, நீங்கள் நாற்பதில் இல்லை என்று நம்பலாம். பத்தா இருபதா என்பதை இந்த 12 ஆட்டம் சொல்லாது. அதிர்ஷ்டம் நிறைந்த விளையாட்டில் ஜெயித்தோமா தோற்றோமா என்று எண்ணிக்கொண்டிருந்தால் முன்னேற்றம் கண்ணுக்கே படாது. எந்த முடிவை ஏன் எடுத்தோம் என்பதைத்தான் பார்க்கவேண்டும்.

மாமா பையன் சொல்வதில் பாதி சரி. சண்டை முடிந்ததும் பரிசாக எந்த மூன்று கார்டு முன்னால் வரும், எந்த ரெலிக் (ஆட்டம் முழுக்கக் கூடவே இருந்து பலன் தரும் பொருள்) விழும் என்பது நம் கையில் இல்லை. ஆனால் எவ்வளவு விஷயங்களை இந்த கேம் முன்கூட்டியே காட்டிவிடுகிறது என்று பாருங்கள். ஒரு ஆக்டின் வரைபடம் முழுக்க முதல் நிமிடமே கண்முன் இருக்கிறது. மேலே காத்திருக்கும் பாஸ் யார் என்பதும் அதிலேயே தெரியும். முதல் மாடி எப்போதும் சாதாரணச் சண்டை, 9-ஆம் மாடி புதையல் பெட்டி, 15-ஆம் மாடி ஓய்விடம். 6-ஆம் மாடிக்கு முன்னால் எலைட் (சாதாரண எதிரியைவிடக் கடினமான எதிரி) வராது. எதிரி இந்தச் சுற்றில் எவ்வளவு அடிப்பான் என்பதும் அவன் தலைக்கு மேலேயே எழுதியிருக்கும்.

போதாததற்கு, துரதிர்ஷ்டம் நீளாமல் இருக்க உள்ளுக்குள்ளே முட்டுக்கொடுத்தும் வைத்திருக்கிறார்கள். சண்டை முடிந்ததும் போஷன் (ஒருமுறை பயன்படுத்தும் மருந்து) விழும் வாய்ப்பு 40 சதவீதத்தில் தொடங்கும். விழாவிட்டால் அடுத்த முறைக்கு 10 கூடும், விழுந்தால் 10 குறையும். சாதாரணச் சண்டையில் அரிய கார்டு வரும் அடிப்படை வாய்ப்பு 3 சதவீதம், ஆனால் ஆட்டம் மைனஸ் 5 என்ற கழிவோடு தொடங்குகிறது. அதனால் முதல் சண்டையில் அரிய கார்டு வராதது உங்கள் நேரம் கெட்டதால் அல்ல, வரவே கூடாது என்றுதான் அமைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு சாதாரண கார்டு காட்டப்படும்போதும் அந்தக் கழிவு 1 குறைந்துகொண்டே வரும். ‘எனக்கு மட்டும் எதுவும் வரமாட்டேங்குது’ என்ற புலம்பலில் பெரும்பகுதி இந்த இடத்திலேயே அடிபட்டுப்போகும்.

இப்போது நாப். முதல் ஆக்டில் எலைட் மூன்று வகைதான்: நாப், லகவுலின், சென்ட்ரிகள். ஒரே எலைட் அடுத்தடுத்து இரண்டு முறை வராது. முதல் எலைட்டாக நாப் வர மூன்றில் ஒரு வாய்ப்பு. மூன்றில் ஒன்று என்று தெரிந்தே போன இடத்தில், அவன் வந்தபிறகு விதியைத் திட்டிப் பயனில்லை.

உங்கள் அசென்ஷனில் நாப்புக்கு 85 முதல் 90 ஹெச்பி (உயிர்ப்புள்ளி). முதல் சுற்றில் கத்துவான், அடிக்கமாட்டான். அதன்பிறகு நீங்கள் ஒவ்வொரு ஸ்கில் கார்டு (டிஃபெண்ட் போல, அட்டாக் அல்லாத ஒரு வகை) ஆடும்போதும் அவனுக்கு 2 பலம் ஏறும், இறங்கவே இறங்காது. பெரிய அடி 16. சின்ன அடி 8, அதோடு உங்கள்மேல் இரண்டு சுற்றுக்கு வல்னரபிள். அதாவது பின்னால் வரும் அடி ஒன்றரை மடங்கு.

இங்கே பெரும்பாலானோர் செய்யும் தவறு, பயத்தில் டிஃபெண்ட் ஆடுவது. ஒரு டிஃபெண்ட் 5 தடுக்கும். ஆனால் அதனால் ஏறிய 2 பலம் இந்த அடியிலும் சேரும், இனி வரும் எல்லா அடியிலும் சேரும். அவன் இன்னும் மூன்று முறை அடிக்கப்போகிறான் என்றால் 5-ஐத் தடுத்து 6-ஐ வாங்குகிறீர்கள். அதே எனர்ஜியில் (கார்டு ஆடச் சுற்றுக்கு 3 கிடைக்கும்) ஒரு ஸ்ட்ரைக் (6 அடி) அடித்திருக்கலாம் என்ற நஷ்டம் தனி. இதுதான் அவனுடைய கடைசி அடி, அடுத்த சுற்றில் தீர்த்துவிடுவோம் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் டிஃபெண்டில் 3 மிச்சமாகும்.

ஆரம்ப டெக்கோடு அவனிடம் போனால், நல்ல கையே வந்தாலும் கணக்கு இப்படித்தான் ஓடும். முதல் சுற்று பேஷ் (2 எனர்ஜி, எதிரியை இரண்டு சுற்றுக்கு வல்னரபிள் ஆக்கும்) 8, வல்னரபிள் ஆனபின் ஸ்ட்ரைக் 9, சேர்த்து 17. இரண்டாவதில் மூன்று ஸ்ட்ரைக், 27. மூன்றாவதில் வல்னரபிள் போய்விடும், 18. நான்காவதில் மறுபடி பேஷும் ஸ்ட்ரைக்கும் வந்தாலும் 17. கூட்டினால் 79. ஐந்தாவது சுற்று தேவைப்படும், அதற்குள் அவன் மூன்று முறை அடித்திருப்பான். சின்ன அடி முதலில் வந்து இரண்டு பெரிய அடி தொடர்ந்தால் 8, 24, 24 என 56 போய்விடும். நீங்கள் ஆட்டத்தைத் தொடங்குவதே 80-க்கு 72-இல். வழியில் இரண்டு சண்டையில் கொஞ்சம் இழந்திருந்தால் சங்கதி முடிந்தது.

ஒரே ஒரு கார்னேஜ் கையில் இருக்கட்டும் (2 எனர்ஜி, 20 அடி). இரண்டாம் சுற்றின் 27, 39 ஆகிறது. நான்காம் சுற்றிலேயே ஆளை முடித்துவிடலாம், ஒரு அடி மிச்சம். முந்தைய ஓய்விடத்தில் பேஷை மேம்படுத்தியிருந்தால் அடி 10, வல்னரபிள் மூன்று சுற்று. மூன்று சுற்றில் கூடுதலாக 11. அங்கே தூங்கியிருந்தால் கிடைத்திருப்பது 24 ஹெச்பி. அன்றைக்கு 24 பெரிதாகத் தெரியும். ஆனால் மேம்பாடு மூன்றாவது ஆக்ட் வரை கூட வரும். ஹெச்பி 45-க்கு மேல் இருந்தால் மேம்படுத்துவதே மேல் என்பது நம் கருத்து.

ஆகவே நாப்பிடம் நீங்கள் தோற்பது 7-ஆம் மாடியில் அல்ல, 1-இலிருந்து 4-க்குள். அந்த மாடிகளில் கார்டு எடுக்கும்போது ‘பின்னால் உதவும்’ என்று டிமன் ஃபார்ம் மாதிரி 3 எனர்ஜி கார்டில் மயங்காதீர்கள். இப்போதைக்குத் தேவை இரண்டு நல்ல அட்டாக்: கார்னேஜ், பாமெல் ஸ்ட்ரைக், ட்வின் ஸ்ட்ரைக், அப்பர்கட் போன்றவை. மூன்று பரிசிலும் ஒன்றுகூடக் கிடைக்கவில்லையா? அதுதான் உண்மையான துரதிர்ஷ்டம். அதற்கும் பரிகாரம் இருக்கிறது. எலைட்டைத் தவிர்த்துப்போக ஒரு கிளைவழி இருக்கும் பாதையை முதலிலேயே பிடித்திருந்தால், எலைட்டிடம் கிடைத்திருக்கக்கூடிய ஒரு ரெலிக்கோடு நஷ்டம் நின்றுவிடும்.

ஸ்லைம் பாஸ் கதை வேறு. அங்கே டெக்கைவிட கார்டு ஆடும் வரிசைதான் ஆளைக் கொல்கிறது. அதற்கு 150 ஹெச்பி. 75-க்கோ அதற்குக் கீழேயோ இறங்கியதும் செய்யவிருந்ததை விட்டுவிட்டு, தன் முறை வந்ததும் இரண்டாகப் பிளக்கும். பிளக்கும் நேரத்தில் அதனிடம் இருந்த ஹெச்பி இரண்டு துண்டுக்கும் தனித்தனியாகக் கிடைக்கும். பாஸிடம் 80 மிச்சம், உங்களிடம் 1 எனர்ஜியும் ஒரு ஸ்ட்ரைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கை பரபரக்கும். அடித்தால் 74, 74 வீதம் இரண்டு, மொத்தம் 148. அடிக்காமல் சுற்றை முடித்து, அடுத்த கையில் கார்னேஜும் ட்வின் ஸ்ட்ரைக்கும் சேர்த்து 30 இறக்கினால் 50 வீதம் இரண்டு, மொத்தம் 100. கார்டு அதேதான், வித்தியாசம் 48 ஹெச்பி. இன்னொன்று: மூன்றாம் சுற்றில் அது கொடுக்கும் அடி 38. அந்தச் சுற்றிலேயே 75-க்குக் கீழே தள்ளினால் அந்த அடி விழாமலே போகும்.

‘அடுத்த கையில் என்ன வரும் என்று யார் கண்டது?’ என்று கேட்பீர்கள். பலசமயம் கண்டுபிடிக்கலாம். கீழே இடப்பக்கம் இருக்கும் டிரா பைலை (இன்னும் கைக்கு வராத கார்டுகளின் அடுக்கு) தொட்டால் அதில் மீதியுள்ள கார்டுகளின் பட்டியல் தெரியும். வரிசை தெரியாது, ஆனால் சரியாக 5 கார்டுதான் மிச்சம் என்றால் அடுத்த கை அதேதான். அதில் சந்தேகத்துக்கே இடமில்லை. அசென்ஷன் 10-இல் நிற்பவர்கள் பலர் இந்தப் பைலைத் திறந்தே பார்ப்பதில்லை. தெரிந்துகொள்ளக்கூடியதையும் அதிர்ஷ்டத்தின் கணக்கில் எழுதுகிறார்கள்.

‘வேண்டிய கார்டு வரலை’ என்பதிலும் பாதி நாமே செய்துகொண்டது. குறிப்பிட்ட ஒரு கார்டு முதல் கையில் வர 10 கார்டு டெக்கில் 50 சதவீதம், 15-இல் 33, 25-இல் 20. அசென்ஷன் 10-இல் நீக்கவே முடியாத அசெண்டர்ஸ் பேன் என்ற சாபக் கார்டு சேர்வதால் நீங்கள் 11-இல் தொடங்குகிறீர்கள். முதல் ஆக்ட் பாதி தாண்டியபின் ஒவ்வொரு பரிசிலும், இந்தக் கார்டு எந்தச் சண்டைக்கு என்று சொல்ல முடிகிறதா பாருங்கள். சொல்ல முடியாவிட்டால் ‘ஸ்கிப்’ அழுத்துங்கள். கடையில் கார்டு நீக்கம் முதல்முறை 75 தங்கம், பிறகு ஒவ்வொரு முறையும் 25 கூடும். ஆரம்பத்தில் கையில் இருப்பது 99. முதலில் ஸ்ட்ரைக்கை எடுங்கள், டிஃபெண்டை விட்டுவையுங்கள். இதைக் கேட்டுவிட்டு டெக்கை ஒரேயடியாக இளைக்கவைத்து, இரண்டாம் ஆக்டில் அடிக்க ஆளில்லாமல் நிற்பவர்களும் உண்டு.

போஷனைச் சேமித்துவைப்பது இன்னொரு வியாதி. மூன்று இடமும் நிரம்பியிருந்தால் அடுத்து விழுவதை எடுக்க இடமிருக்காது. எலைட்டிடம் ஒன்றாவது செலவழியுங்கள். அசென்ஷன் 11-இல் இடம் இரண்டாகக் குறையும் என்பதால் இப்போதே பழகுவது நல்லது.

தப்பிக்கவே வழியில்லாத ஆட்டமும் உண்டு, மறுப்பதற்கில்லை. அசென்ஷன் 20-இல் கைதேர்ந்தவர்களும் தோற்கிறார்கள். ஆனால் அதே இடத்தில் வரிசையாகப் பல ஆட்டங்களை ஜெயிக்கிறவர்களும் அவர்கள்தான். லாட்டரியில் அப்படி ஒரு ஆளைக் காட்ட முடியுமா?

பயிற்சிக்கு வருவோம். கேமிலேயே ரன் ஹிஸ்டரி இருக்கிறது. ஒவ்வொரு மாடியிலும் ஹெச்பி எவ்வளவு இருந்தது, எந்தக் கார்டை எடுத்தீர்கள், எதை விட்டீர்கள் எல்லாம் அதில் பதிவாகும். தோற்றதும் செத்த மாடியைப் பார்க்காதீர்கள். ஒரே சண்டையில் அதிக ஹெச்பி போன மாடியைத் தேடுங்கள். அதற்கு முன்னால் எடுத்த மூன்று கார்டைப் பாருங்கள். சாகும்போது கையில் போஷன் இருந்ததா என்று ஒரு நோட்டில் குறியுங்கள். ஏழெட்டு ஆட்டத்துக்குள் ஒரே தவறு திரும்பத் திரும்ப வருவது தெரிந்துவிடும். சண்டை நடுவே வெளியேறித் திரும்பினால் அந்தச் சண்டை முதலிலிருந்து, அதே கார்டு வரிசையோடு தொடங்கும். கரண்ட் போய், போன் அணைந்தால் பரவாயில்லை. தெரிந்தே அப்படிச் செய்கிற ஆட்டத்தை நோட்டில் சேர்க்காதீர்கள்.

மாமா பையனோடு இருக்கும் வாதத்தை வாயால் தீர்க்கவேண்டாம். ஒரு ஆட்டத்தின் சீட், அதாவது எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடு, ரன் ஹிஸ்டரியில் இருக்கும். இருவரும் ஒரே கதாபாத்திரம், ஒரே அசென்ஷன், ஒரே சீட் வைத்துத் தனித்தனியாக ஆடுங்கள். வரைபடமும் பாஸும் இருவருக்கும் ஒன்றே. இருவரும் அந்தக் கதாபாத்திரத்தின் எல்லாக் கார்டுகளையும் ரெலிக்குகளையும் திறந்திருக்கவேண்டும், இல்லையென்றால் பரிசுகள் மாறிவிடும். ஏற்கெனவே ஆடிய சீட்டைப் பயன்படுத்தினால் உங்களுக்கு விடை தெரிந்திருக்கும், ஆகவே இருவருமே ஆடாத ஒன்றை மூன்றாம் ஆளிடம் வாங்குங்கள். ஐந்து சீட் ஆடியபின் இரண்டு ஹிஸ்டரியையும் பக்கத்தில் வைத்து, பாதை எங்கே பிரிந்தது, எந்தக் கார்டில் பிரிந்தது என்று பாருங்கள். சீட் போட்டு ஆடுவது சாதனைக் கணக்கில் சேராது. அசென்ஷனில் மேலே ஏற வழக்கமான ஆட்டம்தான் ஆடவேண்டும்.