தோழனுக்கு அன்பு, மற்றவனுக்குக் கத்தி: போர்க்கதைகள் பற்றிய கேள்வி பதில்

போர்க்கதைகளில் வீரர்களுக்குள் இருக்கும் அன்பைப் பற்றியும், அதே வீரர்கள் செய்யும் கொடுமையைப் பற்றியும் இந்த மாதம் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நம் வாசகர் கூட்டத்தில் பாதிப் பேர் வீட்டில் ஒரு பட்டாளத்துக்காரர் உண்டு. அதனால் கேள்விகளுக்குப் பஞ்சமில்லை. நான் நீலகிரியில், வெலிங்டன் ராணுவ முகாமில் ரங்ரூட் பையன்களுக்கு, அதாவது பட்டாளத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு, பாடம் எடுத்து ஓய்வு பெற்றவன், போர்முனையில் நின்றவன் இல்லை. படித்ததையும் நின்றவர்களிடம் கேட்டதையும் வைத்துத்தான் சொல்கிறேன்.

பதிலுக்கு முன் ஒரு வேண்டுகோள். ஓய்வு பெற்ற வீரர் யாரைப் பார்த்தாலும் "எத்தனை பேரைச் சுட்டீங்க?" என்று கேட்காதீர்கள். கல்யாண வீட்டில், பஸ்ஸில், டீக்கடையில் இதைக் கேட்பவர்களை நானே பார்த்திருக்கிறேன். கேட்கக்கூடாத கேள்வி அது.

குன்னூர், பள்ளி ஆசிரியை: போர் நாவல் என்றாலே நட்பு, தியாகம், தோழனுக்காக உயிரைக் கொடுப்பது. இதையெல்லாம் இவ்வளவு உருகி எழுதுவதே போரை அழகுபடுத்துவது ஆகாதா, ஐயா?

அன்பை மட்டும் எழுதி நிறுத்தினால் ஆகும், அம்மா. நல்ல கதை அங்கே நிறுத்தாது. அந்த அன்பு அடுத்த ஆளை என்ன செய்தது என்றும் காட்டும்.

ஹோமரின் 'இலியட்'டில் இருபத்தோராம் பாகத்தை எடுத்துப் பாருங்கள். டிராய் நகரை முற்றுகையிட்ட கிரேக்கப் படையின் பெரிய வீரன் அக்கிலிஸ். அவன் உயிர்த்தோழன் பத்ரோக்ளஸ் செத்துவிட்டான், அக்கிலிஸ் வெறிகொண்டு ஆற்றில் இறங்கி வெட்டிக்கொண்டிருக்கிறான். லைக்கேயன் என்ற டிராய் நாட்டு இளவரசன் ஆயுதம் இல்லாமல் அவன் காலைப் பிடித்துக் கெஞ்சுகிறான். முன்பு ஒருமுறை அக்கிலிஸே அவனைச் சிறைபிடித்து, கொல்லாமல் விற்றவன்தான். இப்போது அக்கிலிஸ் சொல்வதன் சாரம் இது: பத்ரோக்ளஸ் இருந்தவரை உங்களை உயிரோடு விடுவதில் எனக்கு விருப்பம் இருந்தது. இனி ஒருவனையும் விடமாட்டேன். நண்பனே, நீயும் செத்துப்போ, ஏன் அழுகிறாய், உன்னைவிட எவ்வளவோ மேலான பத்ரோக்ளஸே செத்துவிட்டான்.

வெட்டப்போகிறவனை "நண்பனே" என்கிறான், கவனியுங்கள். இரக்கம் இல்லாத பிறவியாக இருந்தால் முன்பும் இரங்கியிருக்க மாட்டான். இரக்கம் முழுவதையும் ஒரே ஆள்மேல் வைத்துவிட்டான், அந்த ஆள் போனதும் மற்றவர்களுக்குக் கொடுக்க அவனிடம் ஒன்றும் மிச்சமில்லை. இதற்கு அடுத்த அடுத்த பாகங்களில் பத்ரோக்ளஸைக் கொன்ற ஹெக்டரின் உடலைத் தேரில் கட்டி இழுப்பதும், பத்ரோக்ளஸின் சிதையில் பன்னிரண்டு டிராய் இளைஞர்களை வெட்டிப் போடுவதும் இதே அன்பின் பெயரால்தான். அன்பு ஒரு பக்கம், கொடுமை ஒரு பக்கம் என்று பிரித்து எழுதும் கதையை நான் நம்புவதே இல்லை.

அருவங்காடு: உலகத்திலேயே சிறந்த போர் நாவல் எது?

முதலில் ஜெர்மன் எழுத்தாளர் ரெமார்க்கின் 'ஆல் கொயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃப்ரன்ட்' (1929). முடித்துவிட்டு வாருங்கள், பேசலாம்.

ஊட்டி, கல்லூரி மாணவர்: அக்கிலிஸும் பத்ரோக்ளஸும் காதலர்களா, நண்பர்களா?

ஹோமர் சொல்லவில்லை, தம்பி. பின்னால் வந்த கிரேக்கர்களில் பலர் காதலர்கள் என்றே எடுத்துக்கொண்டார்கள். பிளேட்டோவின் 'விருந்து' உரையாடலில் இதைப் பற்றி ஒரு வாதமே இருக்கிறது. எப்படி எடுத்துக்கொண்டாலும் லைக்கேயனுக்கு நடந்தது மாறாது.

கேத்தி, தமிழாசிரியர்: எல்லாம் வெள்ளைக்காரன் கதையாகவே சொல்கிறீர்கள். நம் சங்கப் பாட்டில் இல்லாத போரா?

சரியான கேள்வி. நீங்கள் கேட்காவிட்டாலும் எழுதத்தான் இருந்தேன்.

நெடுநல்வாடையின் கடைசிப் பகுதி நினைவிருக்கும். வாடைக் காற்று அடிக்கும் நள்ளிரவு. நம் மலையில் தை மாதம் விறகு இல்லாமல் ஓர் இரவு இருந்தவர்களுக்கு அந்தக் குளிரை விளக்க வேண்டாம். பாசறையில் விளக்குச் சுடர்கள் காற்றில் தெற்கே சாய்கின்றன. குதிரைகள் மேலே விழும் மழைத்துளியை உடம்பைச் சிலிர்த்து உதறுகின்றன. வேம்பு கட்டிய வேலை ஏந்திய ஒருவன் முன்னே போய், காயம்பட்டவர்களை ஒவ்வொருவராகக் காட்டுகிறான். அரசன் தோளிலிருந்து நழுவும் மேலாடையை இடக்கையால் பிடித்தபடி, வலக்கையை வாள் ஏந்திய ஒரு காளையின் தோளில் வைத்து, முகம் மலர்ந்து பார்த்துக்கொண்டே நடக்கிறான். தூங்கவில்லை. தோளில் கை வைத்து நடக்கும் அந்த ஒரு வரிக்காகவே நக்கீரரைக் கும்பிடலாம். படைத்தலைவன் தன் வீரர்மேல் வைக்கும் அன்பை இதைவிடச் சுருக்கமாக எழுதியவரை நான் படித்ததில்லை.

அப்புறம் மதுரைக்காஞ்சியைத் திறவுங்கள். நெடுநல்வாடை அரசனின் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் வேம்பு பாண்டியர் பூ என்பதை வைத்து, தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன்தான் அவன் என்று உரைகாரர் காலத்திலிருந்து சொல்லி வருகிறோம். மதுரைக்காஞ்சி அதே நெடுஞ்செழியனைப் பாடியது. அதில் மாங்குடி மருதனார் அவன் படை போன பகைநாட்டைக் காட்டுகிறார்: "நாடெனும் பேர் காடாக, ஆ சேந்த வழி மா சேப்ப, ஊர் இருந்த வழி பாழாக." பசு படுத்த இடத்தில் காட்டு விலங்கு படுக்கிறது. ஊர் இருந்த இடம் பாழ்.

காயம்பட்டவனைக் காண நள்ளிரவில் எழுந்து வந்த அரசனுக்கு, அந்த ஊரில் இருந்தவர்கள் கண்ணிலேயே படவில்லை. இரண்டையும் தனித்தனித் தேர்வுக்குத் தனித்தனியாகப் படித்ததால் நாம் சேர்த்துப் பார்ப்பதே இல்லை. அடுத்த முறை வகுப்பில் ஒரே நாளில் இரண்டையும் வையுங்கள், ஐயா. பிள்ளைகளே கேட்பார்கள்.

கோத்தகிரி: எங்கள் அப்பா இலங்கையிலிருந்து திரும்பி வந்து அரசின் டான்டீ தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். ஈழப் போர்க் கதைகள் படிக்கிறேன். எல்லாவற்றிலும் எதிரிப் படையாள் முகம் இல்லாமல் வருகிறான். அவனுக்கும் முகம் கொடுத்த கதை வேண்டும், அண்ணா.

எதிரிக்கு முகம் கொடுப்பது கடினம், தம்பி. அதைவிடக் கடினம் தன் பக்கத்தின் முகத்தைக் காட்டுவது. ஷோபாசக்தியின் 'கொரில்லா' (2001) படித்தீர்களா? அவரே சிறுவயதில் விடுதலைப் புலிகள் இயக்கத்தில் இருந்தவர். இயக்கத்தின் கொடுமையை உள்ளே இருந்த பையனின் கண் வழியாகச் சொல்கிறார். அங்கிருந்து தொடங்குங்கள்.

நீங்கள் கேட்ட முகத்துக்கு ரெமார்க்கிடம் போக வேண்டும். பால் என்ற ஜெர்மன் சிப்பாய் குண்டு விழுந்த குழியில் பதுங்கியிருக்கிறான். மேலே ஓர் உடம்பு வந்து விழுகிறது. பயத்தில் குத்திவிடுகிறான். விழுந்தவன் பிரெஞ்சுக்காரன், உடனே சாகவில்லை. பிற்பகல் வரை அவன் மூச்சு இரைவதைக் கேட்டுக்கொண்டு பால் அதே குழியில் கிடக்கிறான். குழியில் தேங்கிய சேற்றுத் தண்ணீரைக் கைக்குட்டையில் வடித்துக் கொடுக்கிறான், காயத்தைக் கட்டுகிறான். செத்ததும் பர்ஸை எடுத்துப் பார்க்கிறான்: மனைவியும் குழந்தையும் இருக்கும் போட்டோ, கடிதங்கள். பெயர் ஜெரார் டுவால், அச்சகத் தொழிலாளி. உன் குடும்பத்துக்கு எழுதுவேன், உனக்காக வாழ்வேன் என்று பிணத்திடம் சத்தியம் செய்கிறான்.

எல்லாரும் மேற்கோள் காட்டுவது இதைத்தான். நான் சொல்ல வருவது மறுநாள் காலையை. பால் தன் தோழர்களிடம் திரும்பி வந்து சொல்கிறான். நீ வேறென்ன செய்ய முடியும், அதற்குத்தானே இங்கே வந்திருக்கிறாய் என்று தேற்றுகிறார்கள். பக்கத்தில் ஒருவன் தொலைநோக்கி வைத்த துப்பாக்கியால் சுட்டு எண்ணிக்கை போட்டுக்கொண்டிருக்கிறான். அவனைக் காட்டி, இவனைப் பார் என்கிறார்கள். சத்தியம் அங்கேயே கரைந்துவிடுகிறது. கரைத்தது கெட்டவர்கள் இல்லை, நாவல் முழுக்க நாம் நேசிக்கும் அதே தோழர்கள், அதே அன்பு. டுவாலின் வீட்டுக்குக் கடிதம் போகவே இல்லை.

பெயர் சொல்லாத ஒருவர்: சினிமாவாக வந்த போர் நாவல்களில் எது பெஸ்ட்?

சினிமாவுக்கு வேறு ஆளைக் கேளுங்கள். படம் பார்த்துவிட்டு நாவலைப் படித்ததாகச் சொல்லவும் வேண்டாம்.

வெலிங்டன், ஓய்வு பெற்ற ஹவில்தார்: சார், ரங்ரூட் காலத்தில் உஸ்தாத் (பயிற்சி கொடுப்பவர்) எங்களுக்குக் கொடுத்த ரகடா, அதாவது தண்டனைப் பயிற்சி, கொஞ்சமில்லை. ஆனால் அதனால்தான் நாங்கள் ஒன்றானோம். கொடுமை இல்லாமல் அந்த நட்பு வந்திருக்குமா?

உங்கள் செட் பையன்கள் நினைவிருக்கிறார்கள், ஹவில்தார் சாப். சாயங்கால வகுப்பில் குளிரில் விரல் வீங்கிப் பேனா பிடிக்க முடியாமல், லங்கரிலிருந்து (பட்டாளச் சமையலறை) வந்த ஒரே மக் சுடுதண்ணீரைப் பெஞ்சு பெஞ்சாகக் கை மாற்றுவார்கள். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. அது ரகடா இல்லாமலும் வந்திருக்கும் என்பது என் எண்ணம்.

உங்கள் கேள்விக்குக் கதை வடிவில் பதில், ரஷ்ய எழுத்தாளர் ஐசக் பாபேலின் 'சிவப்புக் குதிரைப்படை'யில் வரும் வாத்துக் கதை. 1920-இல் போலந்துப் போர். கண்ணாடி போட்ட படித்தவன் ஒருவன் கொஸாக்குகள் என்ற குதிரைவீரர்களின் படைக்கு வருகிறான். அவர்கள் அவன் பெட்டியைத் தூக்கி எறிகிறார்கள். அவன் போய், கண் சரியாகத் தெரியாத வீட்டுக்காரக் கிழவியின் வாத்தைப் பூட்ஸ் காலால் மிதித்துக் கொன்று, சமைத்துக் கொடு என்கிறான். அவள் தூக்குப்போட்டுக்கொள்ள வேண்டும்போல இருக்கிறது என்கிறாள். கொஸாக்குகள் உடனே நகர்ந்து இடம் கொடுத்துத் தங்கள் சட்டியில் சாப்பிட அழைக்கிறார்கள். இரவில் ஆறு பேரும் காலோடு கால் பின்னிச் சூட்டுக்காக ஒன்றாகத் தூங்குகிறார்கள். அந்த நட்புக்கு விலை கொடுத்தது அவன் இல்லை, கிழவி. யார் விலை கொடுத்தது என்று பாருங்கள், அவ்வளவுதான் நான் சொல்வது.

குன்னூர், ஓய்வு பெற்ற செவிலியர்: அதே பாபேலின் டோல்குஷோவ் கதையைப் போன கூட்டத்தில் சொன்னீர்கள். வயிறு கிழிந்து, குடல் மடியில் கிடக்க, மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் வீரன் தன்னைச் சுடச் சொல்கிறான். கண்ணாடிக்காரன் முடியாது என்று போகிறான். அவர்கள் படையிலேயே இருக்கும் அஃபோன்கா வந்து சுடுகிறான். அதை அன்பு என்றீர்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். என்னைக் கொன்றுவிடு என்று ராத்திரி கெஞ்சிய நோயாளி காலையில் டீ கேட்டிருக்கிறார். கொலை கொலைதான்.

உங்கள் வார்டில் காலை என்று ஒன்று வரும், சிஸ்டர். டோல்குஷோவுக்கு வராது. எதிரிப் படை நெருங்கிவிட்டது, வந்தால் உயிரோடு வைத்துச் சித்திரவதை செய்வார்கள் என்று அவனே சொல்கிறான். தன் ராணுவ அடையாளப் புத்தகத்தைக் கொடுத்து, அம்மாவுக்கு எழுதச் சொல்கிறான். அஃபோன்கா அதை வாங்கிப் பூட்ஸில் செருகிவிட்டுத்தான் சுடுகிறான். அதை வேறு எந்தப் பெயரால் சொல்வது?

இதைப் போட்டதும் கேள்வி அனுப்பிய பாதிப் பேர் இங்கேயே கூடிவிட்டார்கள். வந்த மறுமொழிகளில் இரண்டு.

கேத்தி, ஓய்வு பெற்ற சுபேதார்: சுட்டவன்தான் தோழன். கண்ணாடிக்காரன் தன் கையைச் சுத்தமாக வைத்துக்கொண்டான், அவ்வளவே.

மறுபடி செவிலியர்: சரி, அன்பு என்றே வையுங்கள். அடுத்த நிமிஷம் அதே அஃபோன்கா அதே துப்பாக்கியைக் கண்ணாடிக்காரன் பக்கம் திருப்புகிறானே? அவனும் நண்பன்தானே? அன்பு ஒரு நிமிஷத்தில் எங்கே போனது?

கதையின் உயிரே இந்தக் கேள்விதான். சுபேதார் ஐயாவின் பதில் இதற்குப் போதாது. பூனை எலிமேல் காட்டும் இரக்கம்தான் கண்ணாடிக்காரர்களின் இரக்கம் என்று கத்திக்கொண்டு அஃபோன்கா துப்பாக்கியின் குதிரையை இழுக்கிறான். அன்பு எங்கேயும் போகவில்லை, சிஸ்டர். தன் நண்பனை அவன் கையாலேயே கொல்ல வேண்டியதாயிற்று. அந்தப் பாரத்தைத் தூக்க மறுத்தவன் எதிரே நிற்கிறான். அவனைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அன்பின் பெயரால் கொன்ற கைக்கு அடுத்த கொலை எவ்வளவு பக்கத்தில் வந்துவிடுகிறது என்பதை பாபேல் நான்கு வரியில் காட்டிவிட்டார். சுட்டது அன்பு என்பதை நான் விடமாட்டேன். அன்பு என்பதால் நியாயம் ஆகிவிட்டது என்று ஒருநாளும் சொல்லமாட்டேன்.

இருவருமே விட்டுவிட்ட ஆள் ஒருவர் உண்டு. வண்டி ஓட்டும் கிரிஷ்சுக். அஃபோன்காவின் கையைப் பிடித்து நிறுத்தியது அவர்தான். கண்ணாடிக்காரன் இன்று என் முதல் நண்பனை இழந்தேன் என்றதும், இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு வாடிய ஆப்பிளை எடுத்து, சாப்பிடு என்று கொடுக்கிறார். யாரையும் தன் வட்டம் என்று சேர்க்காத, யாரையும் வெளியே தள்ளாத ஒரே மனிதர் அந்தக் கதையில் அவர்.

இதற்குமேல் டோல்குஷோவ் பற்றி வந்த கடிதங்களை நேரில் பேசிக்கொள்வோம்.

குந்தா: சிறந்த போர் நாவல் எது?

மேலே அருவங்காட்டுக்காரருக்குச் சொன்னேன்.

கூடலூர்: டாப் 10 போர் நாவல்கள் சொல்லுங்களேன்.

ஒன்றை இரண்டு தடவை படியுங்கள். பத்து வேண்டாம்.

ஊட்டி: போர்க்கதையில் பெண்ணுக்குக் காதலியாகக் காத்திருப்பதைத் தவிர வேலையே இல்லையா?

மேலே வந்த வாத்துக்காரக் கிழவியைப் பாருங்கள். பெரும்பாலான போர்க்கதைகளில் வட்டத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவள் பெண்தான். இதற்கு ஒரு முழு மாதம் வேண்டும், அடுத்த முறை எடுத்துக்கொள்வோம்.

பெயர் சொல்லாத ஒருவர்: நீங்கள் யாரையாவது சுட்டதுண்டா?

தொடக்கத்திலேயே வேண்டுகோள் வைத்தேன். பதில் இல்லை.

கோத்தகிரி, கல்லூரி மாணவி: தாத்தா 1971 போரில் இருந்தவர். அவரை வைத்து ஒரு சிறுகதை எழுத ஆசை. போரைப் பற்றிக் கேட்டால் எழுந்து போய்விடுகிறார். என்ன கேட்பது, ஐயா?

போரைக் கேட்காதே, அம்மா. பக்கத்துப் படுக்கையில் யார் படுத்தார், அவர் குறட்டை விடுவாரா, வீட்டிலிருந்து வந்த பலகாரத்தை யாருடன் பங்கிட்டார், அந்த ஆள் இப்போது எங்கே என்று கேள். அவர் நேசித்தவர்களைப் பற்றிச் சொல்லட்டும், சொல்லும்போது குறுக்கே பேசாதே. ஒருநாள் தானாகவே அந்த வட்டத்துக்கு வெளியே இருந்த ஒருவரைப் பற்றி, ஒரு கைதியோ, ஒரு கிராமத்துக்காரரோ, வாய் திறப்பார். திறக்காமலும் போகலாம். திறந்தால், அதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டுவிட்டு எழுது. வேண்டாம் என்றால் எழுதாதே. முதல் படி முடிந்ததும் கையெழுத்திலேயே அனுப்பு, டைப் அடிக்க வேண்டாம்.