எள்ளுக்குள்ள எண்ணெய் இருந்தா செக்கு எதுக்கு? – வாசகர் கேள்வி, ஆச்சி பதில்

கேள்வி: வணக்கம் ஆச்சி. எனக்கு சொந்த ஊரு கண்டனூர், வெளியூர்ல ஒரு காலேஜ்ல தத்துவத்துக்கு கெஸ்ட் லெக்சரரா இருக்கேன், டிபார்ட்மென்ட்ல ஆறு பேர்ல நான் மட்டும்தான் பொம்பள. மீட்டிங்ல நான் ஒண்ணு சொன்னா யாரும் காதுலயே போட்டுக்கிறதில்ல, அஞ்சு நிமிஷம் கழிச்சு அதையே ஒரு சார் சொன்னா சூப்பர் பாயின்ட்ங்கிறாங்க. செமினார்னா வரவேற்புரை, குத்துவிளக்கு, சாப்பாட்டு டோக்கன் எல்லாம் என் தலையில, பேப்பர் வாசிக்க மட்டும் கூப்பிட மாட்டாங்க. லாஜிக் பேப்பர் எடுக்குறேன்னு கேட்டேன், "லேடீஸுக்கு தர்க்கம் சரிப்படாதும்மா, நீங்க எதிக்ஸ் (அறவியல்) எடுங்க"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டாங்க. எனக்குத்தான் அறிவு பத்தலையோன்னு இப்பல்லாம் தோணுது. பி.எட். முடிச்சிட்டு ஸ்கூலுக்குப் போயிடலாமான்னு இருக்கேன்.
– ஒரு வாசகி

பதில்: ஆத்தா, "எனக்குத்தான் அறிவு பத்தலையோ"ன்னு எழுதியிருக்க பாரு, அந்த வரிதான் ராத்திரி பூரா என்னைத் தூங்க விடல. ஏன்னா அதே வரியை நானும் எனக்குள்ள பல வருஷம் சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன்.

எனக்கு நடந்ததைச் சொல்றேன். வேலைக்குச் சேந்த புதுசு, ஒரு கருத்தரங்குல சாங்கியம்ங்கிற பழைய இந்தியத் தத்துவம் பத்தி ஒருத்தர் பேசுனாரு. காரியம் காரணத்துக்குள்ள முன்னாடியே இருக்கு, எள்ளுக்குள்ள எண்ணெய் இருக்குற மாதிரின்னு சொன்னாரு. நான் எந்திரிச்சு, எண்ணெய் முன்னாடியே இருக்குன்னா செக்கு எதுக்குங்க, செக்கு புதுசா என்ன செய்யுதுன்னு கேட்டேன். எள்ளும் எண்ணெயும் சாங்கியக்காரங்களே சொல்ற உதாரணம், தர்க்கத்தையே முக்கியமா வச்ச நியாய மதத்துக்காரங்க அவங்களை மடக்குறதும் இதே கேள்வியை வச்சுத்தான். தலைமை தாங்குனவரு "அம்மா இன்னும் அடுப்படிய விட்டு வெளிய வரல போல"ன்னாரு, ஹாலே சிரிச்சுச்சு, நான் உக்காந்துட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சு பின்வரிசையில இருந்து ஒரு தம்பி எந்திரிச்சு, "இருந்தது வெளிப்படுதுன்னு சொல்றீங்க சரி, அந்த வெளிப்பாடு முன்னாடியே இருந்துச்சா இல்லையா"ன்னு கேட்டாரு. அது என் கேள்வியோட அடுத்த படி, அவ்வளவுதான். அவருக்கு "அபாரமான கேள்வி"ன்னு பாராட்டு, டீ இடைவேளையில அவரைச் சுத்தி ஒரு கூட்டம், நான் சுவரோரமா கப்பைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அன்னைக்கு கோவம்கூட வரல, கேள்வியை சரியா கேக்கத் தெரியலையேன்னு வெக்கமா இருந்துச்சு. அந்த வெக்கம் போக எனக்கு பத்து வருஷம் ஆச்சு, உனக்கு அத்தனை வருஷம் வீணாப் போகக்கூடாது.

பொம்பளைக்கு தர்க்கம் வராதுன்னு சொன்னவங்க மணிமேகலையைத் தொறந்து பாத்ததே இல்லைன்னு நெனைக்கிறேன். 29ஆவது காதையில அறவண அடிகள்ங்கிற பௌத்தத் துறவி பிரமாணம் (அறியுற வழி), அனுமானம் (ஊகிச்சு அறியுறது), எது சரியான ஏது, அதாவது காரணம், எது போலின்னு பௌத்த தர்க்கத்தை வரிசையா சொல்லித்தர்றாரே, யாருக்கு? ஒரு பொண்ணுக்கு. நீலகேசிங்கிற சமணக் காப்பியத்துல ஊர் ஊராப் போயி மத்த மதத்து ஆசிரியருங்களோட வாதம் பண்ணி ஜெயிக்கிறதும் ஒரு பொம்பளைதான். ஆனா அதே மணிமேகலையில இன்னொரு இடம் இருக்கு, அதைப் படிக்கிறப்பல்லாம் எனக்கு நெஞ்சு அடைச்சுக்கும். மணிமேகலா தெய்வம் மணிமேகலைகிட்ட சொல்லுது, "இளையள் வளையோள் என்று உனக்கு யாவரும் விளைபொருள் உரையார்". சின்னவ, வளையல் போட்டவன்னு உனக்கு யாரும் உண்மையான பொருளைச் சொல்ல மாட்டாங்க, அதனால வேற உருவம் எடுக்குற மந்திரத்தை வச்சுக்கோன்னு. வஞ்சி நகரத்துல சமயவாதிகள்கிட்டப் போறப்ப அவ ஆம்பளைத் தவசி உருவத்துலதான் போறா. உன் மீட்டிங் ரூம்ல நடக்குறதை அந்தப் புலவர் அன்னைக்கே ரெண்டே அடியில எழுதி வச்சிட்டாரு.

மேல்நாட்டுலயும் இதே கதைதான். நியூட்டன் எழுதுன பிரின்சிபியாங்கிற பெரிய இயற்பியல் நூலை பிரெஞ்சுல மொழிபெயர்த்தவங்க எமிலி து ஷாத்லே, அவங்க பேரைச் சொல்லியே ஜெர்மன் தத்துவஞானி கான்ட் 1764ல எழுதுறாரு, இப்பிடி அறிவு விவாதம் பண்ற பொம்பளைங்க தாடியும் வச்சுக்கலாம்னு. அறத்தைப் பத்தி அவ்வளவு எழுதுன மனுஷன்! மனசுக்கு உருவமே இல்லைன்னா அது எப்பிடி உடம்பை அசைக்கும்னு பிரெஞ்சு தத்துவஞானி டெக்கார்ட்டை 1643ல கேட்டது போஹீமியா இளவரசி எலிசபெத், அவரால கடைசிவரைக்கும் ஒழுங்கா பதில் சொல்ல முடியல. கேம்பிரிட்ஜ் யுனிவர்சிட்டி பொம்பளைங்களுக்கு முழு டிகிரி குடுத்ததே 1948லதான். அதுனால உனக்கு மட்டும் ஏதோ குறைன்னு நெனைக்காத.

எதிக்ஸை அவங்க உனக்கு லேசான பாடம்னு குடுத்திருந்தா அதுவும் தப்புக் கணக்கு. பசங்க செல்போன்ல மீம் போட்டு விளையாடுற அந்த ட்ராலி கணக்கு, அஞ்சு பேரைக் காப்பாத்த ஒருத்தரைக் கொல்லலாமாங்கிறது, 1967ல ஃபிலிப்பா ஃபுட்ங்கிற அம்மா எழுதுன கட்டுரையில இருந்து வந்தது. எதிக்ஸை ஜம்முனு நடத்து, ஆனா லாஜிக்கையும் விடாத. அடுத்த செமஸ்டருக்கு பேப்பர் பிரிக்கிறதுக்கு முன்னாடியே லாஜிக் வேணும்னு எழுத்துல குடு, வாயால கேட்டா சிரிச்சு மழுப்பிடுவாங்க, கடுதாசிக்கு ஒரு பதில் எழுதித்தான் ஆகணும். மீட்டிங்குக்கு முந்தின நாளே நீ சொல்லப்போறதை எல்லாருக்கும் மெயில்ல போட்டுடு, மினிட்ஸ்ல யாரு சொன்னதுன்னு பேரோட எழுதச் சொல்லு. கெஸ்ட் லெக்சரருக்கு வேலை போயிடுமோன்னு பயம் இருக்கும், எனக்குத் தெரியும் ஆத்தா, அதனால சண்டையா இல்லாம கடுதாசியா செய்னு சொல்றேன். யாராவது ஆபாசமாப் பேசுறது, தொடுறது, வேலையைக் காட்டி மெரட்டுறதுன்னு போனா அது வேற விஷயம், அதுக்கு 2013ஆம் வருஷத்துச் சட்டம் இருக்கு, பத்து பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்குற எடத்துல உள்புகார் குழு இருந்தே ஆகணும், தலைமை ஒரு பொம்பளையா இருக்கணும், நடந்து மூணு மாசத்துக்குள்ள எழுதிக் குடுத்துடணும், தள்ளிப்போடாத. உன்னை மாதிரி கெஸ்ட் லெக்சரருக்கும் அது உண்டு.

ஸ்கூல் வேலை நல்ல வேலைதான், பிள்ளைங்க மேல ஆசை இருந்தா போ. அறிவு பத்தலைன்னு மட்டும் போகாத.

கேள்வி: மகள் எம்.ஏ. தத்துவம் படிக்கணும்னு நிக்கிறாள். பொம்பளைப் பிள்ளைக்கு இது எதுக்குன்னு வீட்டுல பெரியவங்க கேக்குறாங்க. என்ன சொல்றது ஆச்சி?
– ஒரு தகப்பனார், தேவகோட்டை

பதில்: எங்க வீட்டு முகப்புல ஆம்பளைங்க உக்காந்து, கோவிலூர் மடத்துல கேட்டுட்டு வந்த வேதாந்தத்தைப் பேசுவாக, இருட்டுல கயித்தைப் பாம்புன்னு நெனைக்கிற மாதிரி உலகமும் வெறும் தோற்றம்னு. எங்க அப்பத்தா வளவுக் (உள்முற்றத்து) கதவுக்குப் பின்னாடி நின்னு கேக்கும், வெளிய வராது. ஒரு நாள் உள்ள வந்து பணியாரத்தைத் திருப்பிக்கிட்டே என்கிட்ட சொல்லுச்சு, "கயித்தைப் பாம்புன்னு நெனைக்கணும்னா முன்னாடி ஒரு நெசப் பாம்பைப் பாத்திருக்கணும்ல, அப்ப உலகமே தோற்றம்னா நெச உலகத்தை எங்கிட்டுப் பாத்தாக?" அதுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்தக் கேள்வி பெரிய பெரிய பண்டிதருங்க விவாதம் பண்ணுன கேள்வின்னு எம்.ஏ. படிக்கப் போனப்பதான் எனக்கே தெரிஞ்சுச்சு, அப்பத்தா அப்ப உசுரோட இல்ல. நம்ம கானாடுகாத்தான் அண்ணாமலை செட்டியார் 1929ல சிதம்பரத்துல ஆரம்பிச்ச யுனிவர்சிட்டியிலயே தத்துவத்துக்குத் துறை இருக்கு, அனுப்புங்க. காலேஜ்ல வாத்தியார் வேலைக்கு யுஜிசி நெட்டோ மாநில செட்டோங்கிற தகுதித் தேர்வு எழுதணும், அதை முதல் வருஷத்துலயே சொல்லி வச்சிருங்க.

கேள்வி: நான் தத்துவத்துறையில ஆண் ஆசிரியர். கூட வேலை பாக்குற மேடத்தை மதிக்காம நடத்துறது எனக்கே தெரியுது, நான் என்ன செய்ய முடியும்?
– ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: தம்பி, கேட்டதே சந்தோஷம். அவங்க சொன்னதை வேற ஒருத்தர் தன்னோடது மாதிரி சொன்னா, அந்த நிமிஷமே "இதை மேடம் முன்னாடியே சொன்னாங்க, அவங்க முடிக்கட்டும்"னு சொல்லுங்க, அப்புறமா வராண்டாவுல வந்து ஆறுதல் சொல்றதுல பிரயோஜனம் இல்ல. சிறப்புப் பேச்சாளர்கள்னு ஆம்பளைங்க பேரா மட்டும் அழைப்பிதழ்ல இருந்தா அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி கேளுங்க. அடுத்த செமினார்ல சாப்பாட்டு டோக்கனை நீங்க வாங்கிக்குங்க, பேப்பர் வாசிக்கிற லிஸ்ட்ல அவங்க பேரை எழுதச் சொல்லுங்க.