கடைசல் பட்டறை: வாசகர் கேள்வியும் பதிலும்

கேள்வி: ஓராண்டாக வீடியோ பார்த்து மரக்கடைசல் பழகுகிறேன். கட்டையைச் சுழலவிட்டுக் கடையும் சின்ன லேத் இயந்திரம் ஒன்றும் வாங்கிவிட்டேன். பம்பரம், பூரிக்கட்டை எல்லாம் சுமாராக வருகிறது. கிண்ணம் கடையும்போது மட்டும் உளி திடீரென்று மாட்டி, கட்டை பிய்ந்து பறக்கிறது. பக்கத்துத் தாமானில் (குடியிருப்பில்) ஒரு பெரியவர் நேரில் சொல்லித் தருகிறார். ஒரு நாளைக்கு 250 வெள்ளி (ரிங்கிட்) கேட்கிறார். காசு கொடுத்துப் போகலாமா?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: போங்கள் தம்பி. இந்த மாதமே போங்கள். அதுவரை கிண்ணம் கடைவதை நிறுத்தி வையுங்கள்.

முதலில் ஒன்று கேட்கிறேன். கிண்ணத்துக்கு எந்த உளியைப் பிடிக்கிறீர்கள்? சதுரக் கட்டையை உருட்டுவதற்கென்று லேத்தோடு வரும் அகலமான குழி உளி என்றால், இன்றே கீழே வையுங்கள். அது நீளவாக்கில் நார் ஓடும் கட்டைக்கு மட்டும்தான். பலகைக் கட்டையைக் கிண்ணத்துக்காகப் பூட்டும்போது, ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை நாரின் வெட்டுமுகம் உளிக்கு எதிரே வந்து மோதும். அந்த உளி பிடிக்குள் நுழையும் இடத்தில் மெலிந்திருக்கும். அந்த அடிக்கு அங்கேயே ஒடிந்துவிடும். கிண்ணத்துக்கென்று தனி உளி இருக்கிறது. உருண்டைக் கம்பியில் குழி வெட்டியிருப்பார்கள், தண்டு முழுக்க ஒரே கனம். ஒடிந்த துண்டு ஒன்று பட்டறைக் கூரைத் தகரத்தைக் கிழித்ததை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் முதலிலேயே இதைச் சொல்கிறேன்.

சரி, உளி சரியானதுதான், அப்படியும் மாட்டுகிறது என்றால்? அங்கேதான் ஆள் வேண்டும். என் கதையைச் சொல்கிறேன்.

1984-இல் எனக்குப் பதினேழு வயது. தோட்டத்தை விட்டு ஈப்போவில் ஒரு சீனர் பட்டறையில் சேர்ந்தேன். மேசைக்கால், மாடிப்படிக் கம்பம் எல்லாம் அங்கே கடைவார்கள். சீஃபுவுக்கு, அதாவது தொழில் சொல்லித் தந்த ஆசானுக்கு, அப்போதே எழுபது வயது. எனக்கு அவருடைய மொழி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. எங்களுக்கு நடுவில் கடைத்தெரு மலாய்தான். முதல் வாரம் மூன்று கட்டைகளைப் பாழாக்கினேன். மூன்றாவது கட்டை என் நெற்றியை உரசிக்கொண்டு போனது. அவர் திட்டவில்லை. லேத்தை நிறுத்தி, பிளக்கையும் உருவினார்.

பின்னால் வந்து நின்று, என் இடது கை மேல் தன் கையை வைத்து உளியைத் தாங்கியோடு, அதாவது லேத்தில் உளியை ஊன்றும் கட்டையோடு, சேர்த்து அழுத்தினார். வலது கையால் பிடியை நன்றாகத் தாழ்த்தச் சொன்னார். கூருக்குப் பின்னால் உளியில் சாணை பிடித்த சாய்வு மட்டும் மரத்தில் படிந்தது. கூர் இன்னும் மரத்தைத் தொடவில்லை. அப்புறம் தன் மற்றக் கையால் கட்டையை மெல்லச் சுற்றினார். உளி மரத்தைத் தடவிக்கொண்டிருந்தது, ஒன்றும் வெட்டவில்லை. பிடியைக் கொஞ்சம் தூக்கு என்றார். ஓர் அரிசி கனம் தூக்கியிருப்பேன். கூரின் நுனியில் தேங்காய்ப்பூ மாதிரி ஒரு சுருள் கிளம்பி என் விரல் மேல் விழுந்தது. மோட்டார் ஓடவில்லை, சத்தமில்லை, அந்தச் சுருள் உரியும் சின்னச் சரசரப்பு மட்டும். ‘ஜாங்ஙான் தோலாக்’ என்றார். தள்ளாதே என்று அர்த்தம். அன்று காலை முழுக்க அந்த இரண்டு வார்த்தைதான் பாடம்.

முதலில் உளி தாங்கியில் ஊன்ற வேண்டும், அடுத்து சாய்வு மரத்தில் படிய வேண்டும், அதற்கப்புறம்தான் வெட்டு. இந்த வரிசையை எந்த வீடியோவும் சொல்லும். ஆனால் சாய்வு படிந்திருப்பதும் விலகியிருப்பதும் கண்ணுக்கு ஒரே மாதிரிதான் தெரியும், கைக்குத்தான் வித்தியாசம் தெரியும். உங்கள் கையின் மேல் தேர்ந்த கை ஒன்று இருந்தால் அரை மணியில் அது பிடிபடும். காதுக்கும் அப்படித்தான். சரியாக வெட்டும் உளி ஒரே சீராகச் சீறும். சத்தம் தடதடவென்று மாறினால் பெரியவர் அடுத்த அறையிலிருந்தே குரல் கொடுப்பார்.

என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்காரர். பட்டை எவ்வளவு ஆழம் வெட்டலாம், உள்ளே மரத்தில் காயம் படாமல் எங்கே நிறுத்தலாம் என்பதை அவர் யாருக்கும் வாயால் சொன்னதில்லை. புதிதாக வந்த பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்து, கோட்டோடு உளியை நடத்திக் காட்டுவார். சீஃபு என் கையைப் பிடித்தபோது எனக்கு அம்மா ஞாபகம்தான் வந்தது.

250 வெள்ளி அதிகமா என்றால், ஒருவருக்கு ஒருவராக முழு நாள், மரமும் அவருடையது என்றால், நியாயமான கூலி. பத்துப் பேரை நிற்க வைத்து வேடிக்கை காட்டுகிறார் என்றால் வேண்டாம். ‘எத்தனை மணி நேரம் உளி என் கையில் இருக்கும், ஐயா?’ என்று போவதற்கு முன்பே மரியாதையாகக் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: பதினைந்து வயது மகள் கடைசல் கற்க ஆசைப்படுகிறாள். அனுப்பப் பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், பீடோர்

பதில்: அனுப்புங்கம்மா. பலத்துக்கு இங்கே வேலையில்லை. ஆண் பிள்ளைகள் பலத்தைக் காட்டித்தான் கட்டையைப் பறக்கவிடுகிறார்கள்.

உங்கள் பயமும் நியாயமானதுதான். சுற்றுகிற எதுவும் தொங்குகிற எதையும் இழுக்கும். தலைமுடியைக் கொண்டையாக இறுக்கித் துணியால் கட்ட வேண்டும். துப்பட்டா கூடாது. கழுத்துச் சங்கிலி, வளையல், கோயிலில் கட்டிய கைக்கயிறு எல்லாவற்றையும் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வரட்டும். கையுறையும் கூடாது, அதைப் பாதுகாப்பு என்று நினைப்பார்கள், துணியோடு விரலும் போய்விடும். முகம் முழுக்க மூடும் கவசம் கட்டாயம், கண்ணாடி மட்டும் போதாது. சொல்லித் தருபவரே கவசம் போடாமல் நின்றால், வேறு ஆளைத் தேடுங்கள்.

வேகத்துக்கு ஒரு கணக்கு உண்டு. கட்டையின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதோடு பெருக்கினால் 6000-க்கும் 9000-க்கும் நடுவில் வர வேண்டும். பத்து அங்குலக் கட்டைக்கு 600 முதல் 900 சுற்று. கோணலான கட்டை என்றால் அதைவிடக் கீழே தொடங்கட்டும். மோட்டாரைப் போடுமுன் ஒவ்வொரு முறையும் கையால் ஒரு சுற்றுச் சுற்றி, தாங்கியில் இடிக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். போடும் நொடியில் கட்டைக்கு நேரே நிற்காமல் ஒதுங்கி நிற்கட்டும்.

கேள்வி: எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் பால் மரங்களை (ரப்பர் மரங்களை) சாய்க்கிறார்கள். கட்டை சும்மாவே கிடைக்கிறது. கடைசலுக்கு ஆகுமா? போன தடவை எடுத்து வைத்தது நீலம் பாய்ந்துவிட்டது.
– வாசகர், கோலக்கங்சார்

பதில்: நன்றாக ஆகும். 1877-இல் நட்ட ஒன்பது கன்றுகளில் மிஞ்சிய பால் மரம் உங்கள் ஊர் மாவட்ட அலுவலகத்துப் பக்கத்தில்தான் நிற்கிறது. பால் மரக் கட்டையில் பழகக் கோலக்கங்சார்க்காரருக்கு உரிமையே உண்டு.

இருபத்தைந்து, முப்பது வருடம் பால் வெட்டியதும் மரத்தைச் சாய்த்துவிடுவார்கள். முன்பெல்லாம் அது விறகுதான். இப்போது நாற்காலி மேசைக்குப் போகிறது. மாவுச்சத்து அதிகமுள்ள மரம், அதனால் பூஞ்சணமும் வண்டும் தேடி வரும். நம் ஊர் ஈரத்தில் வெட்டிய சில நாளிலேயே நீலம் ஏறும். எடுத்து வைக்காதீர்கள், அந்த வாரமே கடையுங்கள். பச்சையாக இருக்கும்போது உளிக்கு வெண்ணெய் மாதிரி கொடுக்கும். விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு கனம் விட்டு, எட்டு அங்குலக் கிண்ணம் என்றால் சுவர் முக்கால் அங்குலத்துக்குச் சற்று மேல், கரடாகக் கடைந்து போராக்ஸ், போரிக் ஆசிட் கரைசலில் ஊறப் போடுங்கள். அந்தக் கிண்ணங்களைச் சோறு வைக்கப் பயன்படுத்த வேண்டாம், அலங்காரத்துக்கு மட்டும். பிறகு காகிதப் பையில் போட்டு நிழலில் சில மாதம் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும். காய்ந்ததும் கிண்ணம் கோணியிருக்கும். அந்தக் கோணலை எடுக்கத்தான் கனம் விட்டது.

சில கட்டைகளில் எவ்வளவு கடைந்தாலும் பஞ்சு போல நார் கிளம்பிக்கொண்டே இருக்கும். காற்றில் சாய்ந்து வளர்ந்த மரத்தின் குணம் அது. உப்புத்தாளால் தேய்த்து மாளாது. கடைசி வெட்டுக்கு முன் உளியைப் புதிதாகச் சாணை பிடித்து, மெல்லிசாக ஒரு முறை ஓட்டுங்கள்.

கேள்வி: முதல் நாள் பாடத்துக்கு என்ன கொண்டு போக வேண்டும்?
– வாசகர், தெலுக் இந்தான்

பதில்: உங்கள் சொந்த உளிகள், மழுங்கிய நிலையிலேயே. அவருடைய கூரான உளியில் அங்கே எல்லாம் அழகாக வரும், வீட்டுக்கு வந்தால் வராது. உங்கள் உளியை உங்கள் கையாலேயே அவர் முன்னால் சாணை பிடியுங்கள். சாணைக்கல் எத்தனை அங்குலம், உளியை எந்தச் சாய்வில் வைத்தார் என்பதைக் குறித்துக்கொள்ள ஒரு நோட்டு. மதியச் சாப்பாடும் இரண்டு பேருக்குக் கட்டிக்கொண்டு போங்கள்.