இத்தனை ரத்தம் எதற்கு? ‘ஸ்வீனி டாட்’ பார்த்தவர்களின் கேள்விகளும் என் பதில்களும்

டிம் பர்ட்டன் இயக்கத்தில் 2007 டிசம்பரில் வெளிவந்த ‘ஸ்வீனி டாட்’ படத்தைப் பார்த்துவிட்டு நண்பர்கள் நிறையக் கேள்விகள் அனுப்பியிருக்கிறீர்கள். கதை இதுதான்: பெஞ்சமின் பார்க்கர் லண்டனில் சவரத் தொழிலாளி. அவருடைய மனைவி லூசியின் மேல் ஆசைப்பட்ட நீதிபதி டர்பின், பொய் வழக்குப் போட்டு பார்க்கரை நாடு கடத்துகிறார். 15 ஆண்டுகள் கழித்து ஸ்வீனி டாட் என்ற பெயரில் திரும்பி வருகிறார். மாடியில் சவரக் கடை; கீழே திருமதி லவெட்டின் ‘மீட் பை’ (மாவுக்குள் கறி வைத்துச் சுடும் பண்டம்) கடை. மேலே கழுத்தறுபடுகிறவர்கள் கீழே கறியாகிறார்கள். முடிவையும் சேர்த்தே பேசப்போகிறேன், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: சார், இது பாட்டுப் படம் என்றே எனக்குத் தெரியாது. டிரெய்லரைப் பார்த்துத் திகில் படம் என்று நினைத்து உட்கார்ந்தேன். ஏமாற்றிவிட்டார்களே?

உங்கள் கோபம் நியாயமானது. டிரெய்லரில் வசனம்தான் அதிகம், பாட்டு ஒரு கீற்றுதான். படம் வந்த சமயத்தில் இங்கிலாந்தில் பாதியில் எழுந்து போனவர்களும் உண்டு. பார்வையாளரைவிட இந்தப் படத்துக்குத்தான் அது பெரிய அநியாயம் என்பேன். ‘இந்தப் பாட்டு எப்போது முடியும்’ என்று காத்திருக்கிறவருக்கு இதில் ஒன்றுமே கிடைக்காது.

நம் படங்களில் பாட்டு வந்தால் கதை கொஞ்சம் நிற்கும், வெளியே போய் டீ குடித்துவிட்டு வரலாம். இங்கே அப்படிப் போனால் ஒரு கொலையையே தவறவிட்டுவிடுவீர்கள். மூலம் 1979-ல் நியூயார்க்கின் நாடக அரங்குப் பகுதியான பிராட்வேயில் அரங்கேறிய இசை நாடகம். இசையும் பாடல்களும் ஸ்டீவன் சாண்ட்ஹைம், வசனம் ஹ்யூ வீலர். அந்த ஆண்டின் சிறந்த இசை நாடகம் உட்பட எட்டு டோனி விருதுகள் (அமெரிக்க நாடக விருதுகள்) வாங்கியது. மனம் மாறுவதும் திட்டம் போடுவதும் பொய் சொல்வதும் எல்லாம் பாட்டுக்குள்தான் நடக்கின்றன.

கேள்வி: ரத்தம் ஏன் ஆரஞ்சு பெயின்ட் மாதிரி இருக்கிறது? மேக்கப் சரியில்லையா?

சரியில்லாமல் இல்லை, வேண்டுமென்றே செய்தது. படம் முழுக்க நிறம் வடிந்து கிடப்பதைக் கவனித்தீர்களா? லண்டன் சாம்பல், முகங்கள் சுண்ணாம்பு. பழைய நினைவுகளிலும், லவெட் கடற்கரையில் குடும்பம் நடத்தக் கனவு காண்கிற பாட்டிலும்தான் நிறம் திரும்புகிறது. மற்ற இடங்களில் உயிர்ப்புள்ள ஒரே நிறம் ரத்தம். அது அசல் ரத்தம் போல் கருஞ்சிவப்பாக இருந்திருந்தால் அந்தச் சாம்பலுக்குள் மறைந்துபோயிருக்கும்.

மேடையில் இதற்குப் பல வழிகள் உண்டு. 2005-ல் ஜான் டாயில் பிராட்வேயில் மறுபடி போட்டபோது, ஒவ்வொரு கொலைக்கும் ஒரு வாளியிலிருந்து இன்னொரு வாளிக்கு ரத்தத்தை ஊற்றினார்கள். அவ்வளவுதான், கழுத்தில் ஒரு துளி கிடையாது. அந்தச் சத்தமே வயிற்றைக் கலக்கும். ஆனால் சினிமாவில் கேமரா கழுத்துக்கு ஒரு முழம் பக்கத்தில் நிற்கிறது. அங்கே வாளியைக் காட்டினால் அது தப்பித்தல்.

இதற்குச் சான்று இரண்டாம் பாதியில் வரும் ‘ஜொஹானா’ பாட்டு. கைக்குழந்தையாக மட்டுமே பார்த்த தன் மகள் ஜொஹானாவை நினைத்து டாட் தாலாட்டு போல மெதுவாகப் பாடுகிறார். பாடிக்கொண்டே ஒவ்வொருவராகக் கழுத்தை அறுக்கிறார். நாற்காலி பின்னால் சாய, உடல் தலைகீழாகக் கீழே கல்தரையில் போய் விழுகிறது. அந்தச் சத்தம் கேட்கிறது, மெட்டு மட்டும் அசையவில்லை. நடுவில் ஒருவர் மனைவி, குழந்தையோடு வருகிறார். அவருக்கு மட்டும் ஒழுங்காகச் சவரம் செய்து அனுப்பிவைக்கிறார். இந்தக் காட்சியில் ரத்தத்தைக் குறைத்தால் என்ன ஆகும்? இனிமையான ஒரு பாட்டு மட்டும் மிஞ்சும், நாமும் அதை நிம்மதியாக ரசித்துவிடுவோம். அப்படி ரசிக்க விடாமல் தடுப்பதுதான் அந்த ரத்தத்தின் வேலை.

கேள்வி: நீதிபதி நாற்காலியில் வந்து உட்கார்ந்த பிறகும் இவர் பாடிக்கொண்டு நிற்கிறாரே! எரிச்சலாக வந்தது.

அந்த எரிச்சல் வரவேண்டும்! படத்திலேயே எனக்கு மிகப் பிடித்த இடம் அது. ‘ப்ரிட்டி விமன்’ என்ற பாட்டு. கத்தி கழுத்தில் இருக்க, கொல்லப்போகிறவரும் சாகப்போகிறவரும் ஒரே மெட்டை மாற்றி மாற்றிப் பாடுகிறார்கள். பெண்களின் அழகைப் பற்றி அத்தனை மென்மையான வரிகள். நீதிபதி நினைத்துக்கொண்டிருப்பது தான் வளர்த்து, இப்போது கட்டிக்கொள்ள நினைக்கும் ஜொஹானாவை. டாட் நினைப்பது அந்த ஜொஹானாவின் தாயை. நீதிபதியாக நடித்த ஆலன் ரிக்மனின் குரல் அங்கே எவ்வளவு நிதானமாக இருக்கிறது, கேளுங்கள்.

டாட் ஏன் தாமதிக்கிறார்? 15 வருடம் காத்திருந்தவர் அந்த நிமிடத்தை ருசித்துச் சாப்பிட நினைக்கிறார். அதற்குள் ஜொஹானாவைக் காதலிக்கும் இளைஞன் ஆண்டனி கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்துவிடுகிறான், நீதிபதி தப்பிக்கிறார். ஒருவரைக் கொல்ல வந்தவர் ஊரையே கொல்லத் துணிவது அதற்கு அடுத்த பாட்டில். அந்தத் தாமதம் இல்லாவிட்டால் பிற்பாதியே இல்லை.

கேள்வி: டாட்டாக நடித்த ஜானி டெப்புக்குப் பாடவே வரவில்லை என்கிறான் என் நண்பன்.

மேடைக் குரல் அவருக்கு இல்லை, உண்மைதான். கடைசி வரிசை வரை போகவேண்டிய குரல் வேறு, காதருகே முணுமுணுக்கும் குரல் வேறு. இந்தப் படத்துக்கு இரண்டாவது போதும். எனக்குக் குறை தெரிவது ஹெலனா போன்ஹம் கார்ட்டர் நடித்த லவெட்டில். 1979-ல் ஏஞ்சலா லான்ஸ்பரி செய்த லவெட் ஒரு கொண்டாட்டம். அவர் நடித்த மேடை வடிவம் பதிவாகி 1982-ல் தொலைக்காட்சியில் வந்தது, தேடிப் பாருங்கள். யாரை வெட்டினால் கறி எப்படி இருக்கும் என்று லவெட்டும் டாட்டும் பட்டியல் போடும் பாட்டில் அரங்கமே குலுங்கிச் சிரிக்கும். அப்படிச் சிரித்த பிறகுதான் நாமும் கூட்டாளி ஆகிவிட்டோம் என்பது உறைக்கும். படத்தில் லவெட்டின் சோகம் நன்றாக இருக்கிறது, அந்தச் சிரிப்பு தேய்ந்துவிட்டது.

கேள்வி: மேடையில் பார்த்தவர்கள் ‘பாதியை வெட்டிவிட்டார்கள்’ என்று வருத்தப்படுகிறார்களே?

‘கிஸ் மீ’ போன்ற பாட்டுகள் போய்விட்டன, இளம் காதலர்கள் இருவரும் மெலிந்துவிட்டார்கள். அதெல்லாம் பரவாயில்லை. என்னால் தாங்க முடியாத இழப்பு ஒன்றுதான். மேடையில் ஊர் மக்கள் கூட்டமாக வந்து டாட்டின் கதையைப் பாடித் தொடங்குவார்கள். நடுநடுவே வருவார்கள், கடைசியிலும் வந்து, டாட் உங்களுக்குள்ளும் இருக்கிறான் என்று பார்வையாளர்களைப் பார்த்தே பாடுவார்கள். படத்தில் அந்தக் குழுவே இல்லை. அந்த மெட்டு டைட்டில் ஓடும்போது வெறும் வாத்திய இசையாக வந்து போகிறது. ஊரே சேர்ந்து செய்த குற்றம், படத்தில் ஒரு மனிதனின் துக்கமாகச் சுருங்கிவிட்டது.

கேள்வி: ஸ்வீனி டாட் உண்மையில் வாழ்ந்தவரா?

இல்லை. 1846-47-ல் லண்டனில் வாராவாரம் வந்த மலிவு விலைத் தொடர்கதையில் பிறந்தவர். அதில் அவர் காசுக்காகக் கொல்லும் வெறும் கொலைகாரர். மனைவி, நீதிபதி, பழிவாங்கல் எல்லாம் பின்னாளில் கிறிஸ்டோபர் பாண்ட் எழுதிய நாடகத்தில்தான் வந்தன. சாண்ட்ஹைம் எடுத்துக்கொண்டதும் அதைத்தான்.

கேள்வி: ஐயா, என் மகனுக்கு 14 வயது. ஜானி டெப் என்றால் உயிர். காட்டலாமா?

வேண்டாம் அம்மா. இங்கிலாந்தில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் என்றுதான் சான்றிதழ் கொடுத்தார்கள். ரத்தத்தை மட்டும் வைத்துச் சொல்லவில்லை. லூசிக்கு நீதிபதி வீட்டு விருந்தில் நடக்கும் கொடுமை இருக்கிறது. உங்கள் மகன் வயதுள்ள டோபி என்ற பையன் கீழறையில் எதைக் கண்டுபிடிக்கிறான் என்பதும் இருக்கிறது.

கேள்வி: கொலைகாரன் செத்ததற்கு நான் ஏன் அழுதேன்? இரண்டு நாளாக அந்தக் கடைசிக் காட்சி கண்ணை விட்டுப் போகவில்லை.

நானும் அழுதேன். தெருவில் திரிந்த பிச்சைக்காரியின் கழுத்தை அவசரத்தில் அறுத்துவிட்டு, அப்புறம் அடுப்பு வெளிச்சத்தில் முகத்தைப் பார்க்கும்போதுதான் அது லூசி என்று தெரிகிறது. லூசி உயிரோடிருப்பதை மறைத்த லவெட்டை நெருப்பில் தள்ளிவிட்டு, மனைவியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். டோபி பின்னால் வந்து, தரையில் கிடக்கும் அவருடைய கத்தியையே எடுக்கிறான். டாட்டுக்கு அவன் வந்தது தெரிகிறது. அவர் கழுத்தைச் சற்றே உயர்த்திக் கொடுக்கிறாரே, அங்கேதான் எனக்கு உடைந்தது.

பிறகு ரத்தம் அவர் கழுத்திலிருந்து லூசியின் முகத்தில் சொட்டுகிறது. பையன் திரும்பிப் பார்க்காமல் இருட்டுக்குள் நடந்து போய்விடுகிறான். கேமரா அங்கேயே நிற்கிறது.