பந்தயம் கட்டாதவர் ஹேப்பி வேலிக்குப் போகலாமா?

"ஹாங்காங் போகிறோம். சூதாட்டத்தில் நாட்டமில்லை. ஹேப்பி வேலி குதிரைப் பந்தயத் திடலுக்கு ஒரு மாலையைச் செலவிடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் செலவிடுங்கள். பெற்றோருடன் போகிறீர்கள் என்றால் அவர்களையும் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள்.

"பணத்தைத் தொலைக்கும் இடத்துக்கு ஆள் சேர்க்கிறாயா?" என்று சிலர் கேட்பார்கள். பந்தயத்தால் நொடித்துப்போன குடும்பங்களை நானும் அறிவேன். அங்கே நான் ஒரு காசுகூடக் கட்டவில்லை. கட்டச் சொல்லவும் இல்லை. பொது நுழைவுக் கட்டணம் வெறும் 10 ஹாங்காங் டாலர். உள்ளே போனபின் பந்தயம் கட்டும்படி யாரும் வற்புறுத்துவதில்லை.

எங்களுடன் வந்த மாமா, ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர். முதலில் வர மறுத்தவர், ஓட்டத்துக்கு முன் குதிரைகளை நடத்திக் காட்டும் வளையத்தருகே போனதும் அங்கிருந்து நகரவே இல்லை. "பின்தொடைகளுக்கு நடுவே நுரை தெரிகிறதா? பதற்றத்தில் வேர்க்கிறது. அடுத்ததைப் பார், பின்கால் எவ்வளவு தாராளமாக எட்டி விழுகிறது!" என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். திறமை கூடுதலாக மதிப்பிடப்பட்ட குதிரை அதிக எடை சுமக்க வேண்டும், குதிரையை ஓட்டும் ஜாக்கியின் எடை போதாவிட்டால் சேணத்துடன் ஈயத்தகடு சேர்ப்பார்கள் என்பதெல்லாம் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. ஓடுதளத்தின் வளைவுகள் நெருக்கமானவை என்பதால் உள்பக்கத்திலிருந்து புறப்படும் குதிரைக்குப் பொதுவாகச் சாதகம் உண்டு. இவ்வளவும் தெரிந்தபின் ஓடுதளத்தின் தடுப்பு வேலியோரம் நின்று பாருங்கள். குளம்படி காதில் விழுவதற்குமுன் காலடி மண்ணில் அதிரும். அதைத் தொலைக்காட்சி தராது.

சதுப்பாக இருந்த அந்த நிலத்தில் 1846இல் பந்தயம் தொடங்கியது. 1918 பிப்ரவரியில் மூங்கிலால் கட்டிய தற்காலிகப் பார்வையாளர் மேடைகள் சரிந்து தீப்பிடித்ததில் சுமார் 600 பேர் இறந்தார்கள். இன்று அந்தத் திடலைச் சுற்றி அடுக்குமாடிகள். சாலைக்கு அப்பால் பழைய கல்லறைத் தோட்டங்கள். நகரத்தின் வரலாறு இவ்வளவு நெருக்கமாக ஒரே இடத்தில் கிடைக்கும்போது, பந்தயம் என்ற ஒரு சொல்லுக்காக அதை ஒதுக்குவது நியாயமில்லை.

எனக்கு உண்மையில் கோபம் எங்கள் சுற்றுலா ஏற்பாட்டாளர்மீதுதான். "பந்தயத் திடல் திட்டத்தில் இல்லை" என்று கறாராகச் சொன்னவர், திட்டத்தில் இல்லாத நகைக்கடையில் எங்களைப் பாதி நாள் உட்கார வைத்தார். வயதானவர்கள் கால் வீங்கக் காத்திருந்தார்கள். காசு கொடுத்தவர்களின் நேரத்துக்கு மதிப்பே இல்லையா? அதனால்தான் அன்று மாலை நாங்களாகவே டிராம் ஏறினோம். 'ஹேப்பி வேலி' என்று முகப்பில் போட்ட டிராமே போதும்.

பெரும்பாலும் புதன்கிழமை இரவுகளில்தான் இங்கே ஓட்டம் நடக்கும். ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் வரை பருவ விடுமுறை. 18 வயது நிரம்பாதவர்கள் உங்களுடன் வந்தால் அவர்களுக்கான விதியை முன்கூட்டியே விசாரியுங்கள். முதல் ஓட்டத்துக்கு முன்பே போய்விடுங்கள். பிறகு வேலியோரம் இடம் கிடைப்பது கடினம்.