அக்ரிலிக் தண்டில் ஸ்பிரிட் படலாமா?

கேள்வி: புகைக்குழாய்க்கு 15 மி.மீ. அக்ரிலிக் கட்டையில் தண்டு கடைந்தேன். துளைக்குள் ஒட்டியிருந்த தூளை எடுக்க, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பைப் கிளீனரை விட்டேன். மறுநாள் டெனன் (மரக் கழுத்துக்குள் செருகும் முனை) அருகே மயிரிழை மாதிரிக் கோடுகள். கட்டையே மட்டமானதா?

பதில்: கட்டையின் மேல் பழி போட வேண்டாம். துளையிடும்போது எழும் சூடு அக்ரிலிக்குக்குள் ஓர் இறுக்கத்தை விட்டுச் செல்கிறது. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆல்கஹால் பட்டதும் அந்த இறுக்கம் வெடிப்பாகத் திறந்துகொள்கிறது. தண்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து மெல்லச் சாய்த்துப் பாருங்கள். கோடுகள் வெள்ளிச் சரிகை மாதிரி மின்னி மறையும், நகத்தால் வருடினால் தட்டுப்படாது. வெளிப்பரப்பில் மட்டும் இருந்தால் தேய்த்து எடுத்துவிடலாம். டெனன் அடியில் என்றால் அந்தத் தண்டை ஒதுக்கிவிடுங்கள். கழற்றி மாட்டும்போது முறுக்கு முழுவதும் அங்கேதான் விழும்.

துரப்பணத்தை மெதுவாகச் சுற்றவிட்டு, 5 மி.மீ.க்கு ஒருமுறை வெளியே எடுத்துத் தூளைத் தட்டி, தண்ணீர் தொட்டு இறக்குங்கள். தூள் உதிராமல் பசை மாதிரி இழுபட்டால் சூடு ஏறிவிட்டது என்று அர்த்தம். கடைந்து முடித்ததும் 80 டிகிரி செல்சியஸில், வெப்பநிலை ஏறி இறங்காத அடுப்பில் வைத்தால் இறுக்கம் தளரும். 15 மி.மீ. கட்டைக்கு சுமார் 5 மணி நேரம் வேண்டும். பிறகு அடுப்பை அணைத்து, மூடியபடியே ஆறவிடுங்கள். அவசரப்பட்டு வெளியே எடுத்தால் புதிய இறுக்கம் சேரும். 100 டிகிரியைத் தாண்டினால் தண்டு இளகிவிடும். எபாக்சி பசை போட்டு வேறு டெனன் ஒட்டுவதாக இருந்தால் இதற்குப் பிறகுதான் ஒட்ட வேண்டும். ஏற்கெனவே வளைத்த தண்டை அடுப்பில் வைக்காதீர்கள், வளைவு நிமிரக்கூடும்.

சுத்தம் செய்ய, அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 4, 5 சொட்டு பாத்திர சோப்புத் திரவம் போதும். தண்டைத் தனியே கழற்றி 15 நிமிடம் ஊறவிட்டு, பைப் கிளீனரை டெனன் பக்கத்திலிருந்து விட்டு இழுங்கள். கிளீனர் வெள்ளையாகவே வெளியே வரும்வரை புதிது புதிதாக மாற்றுங்கள். பிறகு நல்ல தண்ணீரில் அலசி, உலர்ந்த கிளீனர் ஒன்றை விட்டு எடுத்து, ஒரு மணி நேரமாவது காயவிடுங்கள். ஈர டெனனை மரத்துக்குள் செருகினால் பிரையர் (புகைக்குழாய் மரம்) உப்பும், கழுத்து விரிசல் விடும். அசிட்டோன், தின்னர், அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனர் மூன்றும் அக்ரிலிக் பக்கமே வரக்கூடாது.

கேள்வி: மரத்துக்குச் சாயம் பூசும்போது தண்டிலும் சொட்டிவிட்டது. ஸ்பிரிட்டால் துடைக்கலாமா?

பதில்: கூடாது. மரச்சாயம் பெரும்பாலும் ஆல்கஹாலில் கரைத்ததுதான், அதனால் சொட்டிய இடத்தில் ஆபத்து ஏற்கெனவே தொடங்கிவிட்டது. உலர்ந்த பருத்தித் துணியால் ஒற்றி எடுத்து, உடனே சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். கறை ஊறியிருந்தால் 600, 1000, 2000 என உப்புத்தாளை ஏற்றிக்கொண்டே போய்த் தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும். ஒவ்வொரு தாளின் கீறலும் முழுதாக மறைந்த பிறகே அடுத்த தாளுக்குப் போங்கள். அடுத்த முறை சாயத்துக்கு முன் தண்டைக் கழற்றி, டெனன் அளவில் கடைந்த துண்டு மரம் ஒன்றைச் செருகிக்கொள்ளுங்கள். சாயம் துளைக்குள்ளும் இறங்காது.

கேள்வி: பாலிஷ் மெழுகு வாய் வைக்கும் பிளவில் அடைத்துக்கொண்டது. சோப்புக்கு அசையவில்லை.

பதில்: முதலில் பல்குத்தும் மரக்குச்சியால் சுரண்டுங்கள், உலோக ஊசி பளபளப்பில் கோடு போடும். மிச்சத்துக்கு, லைட்டரில் ஊற்றும் நாப்தாவைத் துணி நுனியில் இரண்டு சொட்டு விட்டுத் துடைக்கலாம். அது மெழுகைக் கரைக்கும், அக்ரிலிக்கைப் பொதுவாகத் தாக்காது. ஆனாலும் அக்ரிலிக் என்று விற்கும் கட்டைகளில் சில பாலியெஸ்டராக இருப்பதால், வெட்டி மிஞ்சிய துண்டில் ஒருநாள் முன்பே சோதித்துப் பாருங்கள். நாப்தா சட்டென்று தீப்பற்றும். ஜன்னலைத் திறந்துவைத்து, அடுப்பும் சுழலும் பாலிஷ் மோட்டாரும் நின்ற பிறகே புட்டியைத் திறக்க வேண்டும். முடிந்ததும் சோப்புத் தண்ணீரில் ஒருமுறை கழுவிவிடுங்கள். வாயில் வைக்கும் பொருள் அல்லவா!